அலமாரி மேல கிடந்த யுஎஸ்பி ஸ்கேனர் லினக்ஸ்ல ஓடுது, பாருங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு மேசைமேல இருக்கது ஒரு கேனான் லைடு 110 ஸ்கேனர். எங்க மைனி வீட்ல புது கம்ப்யூட்டர் வாங்கினப்போ இத எடுத்து அலமாரிக்கு மேல வச்சுட்டாங்க. தூசி தட்டிக் கொண்டு வந்திருக்கேன். ஒரு கோளாறும் இல்ல. நம்ம வீட்டு கம்ப்யூட்டர்ல விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட் தான் இருக்கு, அதுல இத ஓட வச்சு, மைனிக்க குடும்பத்துல உள்ள பழைய ஆதாரங்களை, அதாவது நிலப் பத்திரங்களை, ஸ்கேன் பண்ணணும். அதாக்கும் இன்னைக்கு வேலை.

மொதல்ல ஒண்ணு சொல்லிடுதேன். லினக்ஸ்ல ஸ்கேனர் எடுக்காதுன்னு நிறைய பேர் நம்பிக்கிட்டு இருக்காங்க. பெட்டியில விண்டோஸ், மேக் ரெண்டு பேரு மட்டும்தான் போட்டிருக்கும், அதனால அப்படி ஒரு நினைப்பு. ஆனா சேன்னு ஒரு மென்பொருள் தொண்ணூறுகள்லயே வந்தாச்சு. கம்பெனிக்காரங்க டிரைவர் தராத ஸ்கேனருக்குக் கூட, ஆர்வம் உள்ளவங்க உக்காந்து அது எப்படிப் பேசுதுன்னு கண்டுபிடிச்சு எழுதி வச்சிருக்காங்க. கம்பெனி கைவிட்ட மாடல் எத்தனையோ இன்னைக்கும் ஓடுதுன்னா அவங்க உழைப்புதான் காரணம். எனக்கு அவங்கமேல பெரிய மரியாதை உண்டு.

சரி, ஸ்கேனர் ஓடலன்னா என்ன பண்ணணும்? தோட்டத்துல ஓஸ் முனையில தண்ணி வரலன்னா, மோட்டார்லேர்ந்து ஒவ்வொரு ஜாயின்ட்டா பாத்துக்கிட்டே வருவோம்லா, அதே மாதிரி பாக்கணும். எங்க நிக்குதுன்னு தெரியாம இன்டர்நெட்ல கிடக்க கமாண்டு எல்லாத்தையும் அடிச்சுப் பாக்காதீங்க. நல்லா இருக்க சிஸ்டமும் கெட்டுப் போகும்.

மொத இடம், ஸ்கேனரே. இதத் திருப்பிக் காட்டுதேன், அடியில பாருங்க. இந்த ஓரத்துல ஒரு சின்ன சுவிட்ச், பக்கத்துல பூட்டு படம் போட்டிருக்கு. தூக்கிட்டுப் போகும்போது உள்ள இருக்க சென்சார் பட்டை ஆடாம இருக்கதுக்காக இந்தப் பூட்டு. இது பூட்டியே இருந்தா பட்டை நகராது, உள்ள கறகறன்னு சத்தம் வரும். நகத்தால தள்ளி திறந்த பூட்டு படத்துப் பக்கம் வைக்கேன். ஆச்சு. எல்லா ஸ்கேனர்லயும் இது கிடையாது, ஆனா பழசு வாங்கினா திருப்பிப் பாத்துக்கிடுங்க.

அடுத்தது கேபிள். இதுக்கு தனி அடாப்டர் கிடையாது, கரண்டும் யுஎஸ்பி வழியாத்தான் எடுக்குது. அதனால சின்ன ஹப்புல கோத்து, கீபோர்டு, மவுஸ், பென் டிரைவ் எல்லாத்துக்கும் இடையில சொருகாதீங்க. சிபியு-வுக்க பின்பக்கம், மதர்போர்டுல நேரா இருக்க போர்ட்டுல குத்துங்க. கேபிளும் ரொம்ப நீளம் வேண்டாம், யுஎஸ்பி 2-க்கு 5 மீட்டர்தான் எல்லை.

இப்போ டெர்மினல், அதாவது கமாண்டு அடிக்க ஜன்னல். எல்எஸ்யுஎஸ்பின்னு (lsusb) அடிக்கேன். எல்லாம் சின்ன எழுத்து, இடைவெளி கிடையாது. வருசையா வருது பாருங்க, மவுஸ், கீபோர்டு, இதோ இந்த வரி: கேனான், ஐடி 04ஏ9:1909. முன்னால உள்ள 04ஏ9 கேனான் கம்பெனிக்க எண், பின்னால உள்ள 1909 இந்த மாடலுக்க எண். இந்த வரி வந்துட்டுன்னா கேபிள் சரி, போர்ட்டு சரி, ஸ்கேனருக்கு உயிர் இருக்கு. வரலன்னா சாப்ட்வேர்ல கை வைக்கவே வேண்டாம், கேபிளை மாத்துங்க, போர்ட்டை மாத்துங்க.

அடுத்தது சேன் இதப் பாக்குதான்னு தெரியணும். மிண்ட்ல, உபுண்டுல பெரும்பாலும் சேன் முன்னாலயே இருக்கும். கமாண்டு மட்டும் இல்லன்னா சேன்-யுட்டில்ஸ்னு ஒரு பேக்கேஜ் போடணும். போட்டுட்டு ஸ்கேன்இமேஜ், ஒரு இடைவெளி, மைனஸ், பெரிய எல் (scanimage -L). சின்ன எல் போட்டா வேற அர்த்தம், பெரிய எல் தான். என்டர். கொஞ்சம் பொறுங்க, உடனே வராது. ஒவ்வொரு பேக்எண்டா, அதாவது சேனுக்குள்ள இருக்க ஒவ்வொரு டிரைவரா கூப்பிட்டு உனக்க ஸ்கேனர் இருக்கான்னு கேட்டுட்டு வரும், அதான் தாமதம். இதோ வந்துட்டு. ஜெனிசிஸ், லிப்யுஎஸ்பி, அப்புறம் ரெண்டு எண், கேனான் லைடு 110 பிளாட்பெட் ஸ்கேனர். அந்த எண் கழட்டி மாட்டும்போது மாறும், அதை எழுதி வச்சு பிரயோஜனம் இல்ல.

ஜெனிசிஸ்ங்கறது பேக்எண்டுக்க பேரு. ஸ்கேனருக்குள்ள இருக்க சிப்பை வச்சு வந்த பேராக்கும். வெளிய எந்தக் கம்பெனி பேரு போட்டிருந்தாலும், உள்ள என்ன சிப்பு இருக்கோ அதுக்குத் தக்க பேக்எண்டு. லைடு 110, 120, 210, 220 எல்லாம் ஜெனிசிஸ்ல ஓடும். அதே லைடு வரிசையில வந்த 300, 400 ரெண்டும் பிக்ஸ்மா பேக்எண்டு. பேரு ஒண்ணுதான், உள்ள ஆளு வேற. அதனால பழைய ஸ்கேனர் வாங்கப் போறவங்க, காசு குடுக்கதுக்கு முன்னால சேன் வெப்சைட்ல உள்ள பட்டியலைப் பாருங்க. ஒவ்வொரு மாடலுக்கும் முழுசா ஓடுமா, ஓரளவு ஓடுமா, ஓடவே ஓடாதான்னு போட்டிருக்காங்க. சில மாடலுக்கு பர்ம்வேர்னு ஒரு பைல் தனியா வேணும், விண்டோஸ் சிடியிலேர்ந்து எடுத்து அதுக்குன்னு உள்ள போல்டர்ல வைக்கணும். அதையும் அங்கயே சொல்லியிருக்கும்.

இப்போ ரொம்ப பேரு மாட்டிக்கிட்டு நிக்க இடத்துக்கு வாறேன், நல்லா கவனிங்க. எல்எஸ்யுஎஸ்பில வருது. ஸ்கேன்இமேஜ் அடிச்சா ஒரு ஸ்கேனரும் இல்லன்னு சொல்லுது. அப்போ அதே கமாண்டுக்கு முன்னால சூடோ (sudo) போட்டு, அதாவது நிர்வாகி உரிமையோட, அடிச்சுப் பாருங்க. சூடோ போட்டா வருது, போடலன்னா வரலன்னா ஸ்கேனரும் சரி, டிரைவரும் சரி, உங்க பயனர் கணக்குக்கு அந்த ஸ்கேனரைத் தொட அனுமதி இல்ல. அவ்வளவுதான் விஷயம்.

அதுக்காக தினமும் சூடோ போட்டே ஸ்கேன் பண்ணாதீங்க. அந்த பைல் எல்லாம் ரூட் பேர்ல, அதாவது நிர்வாகி கணக்கு பேர்ல போய் விழலாம், அப்புறம் அதைத் திருத்திச் சேமிக்க முடியாது. செய்ய வேண்டியது, ஸ்கேனர்னு ஒரு குரூப் இருக்கும், அதுல உங்க பேரைச் சேக்கணும். சூடோ, யூசர்மாட் (usermod), மைனஸ், சின்ன ஏ, பெரிய ஜி, அப்புறம் ஸ்கேனர், அப்புறம் உங்க பயனர் பேரு. அந்தச் சின்ன ஏ-வை விடவே கூடாது கேட்டியளா. விட்டுட்டா நீங்க ஏற்கனவே இருக்க மத்த குரூப்லேர்ந்து உங்களைத் தூக்கிடும், சூடோ உரிமையும் சேந்து போயிடும். அடிச்சு முடிச்சதும் லாக் அவுட் பண்ணி திரும்ப உள்ள வாங்க. அதுக்கு முன்னால சோதிச்சா பழைய நிலைமைதான் காட்டும்.

இன்னொண்ணு. மொத தடவை நல்லா ஸ்கேன் ஆகுது, ரெண்டாவது தடவை எர்ரர் அடிச்சு நிக்குது, கழட்டி மாட்டினா திரும்ப ஓடுது. இப்படி இருந்தா நீங்க நீலக் கலர் போர்ட்டுல, அதாவது யுஎஸ்பி 3-ல குத்தியிருக்கீங்களான்னு பாருங்க. பழைய ஸ்கேனர் சிலது அங்க ஒத்துப் போகாது. கருப்புப் போர்ட்டுக்கு மாத்துங்க. லேப்டாப்புல கருப்பே இல்லன்னா, சேன் யுஎஸ்பி ஒர்க்கரவுண்ட்னு (SANE_USB_WORKAROUND) ஒரு மாறி இருக்கு, வார்த்தைக்கு நடுவுல அடிக்கோடு, எல்லாம் பெரிய எழுத்து, அதுக்கு மதிப்பு 1 குடுத்துட்டு ஸ்கேன் பண்ணிப் பாருங்க.

புது ஆல் இன் ஒன் பிரிண்டர் வச்சிருக்கவங்களுக்கு சுருக்கமா சொல்லுதேன். அதுல நிறையதுக்கு டிரைவரே வேண்டாம், ஐபிபி-யுஎஸ்பி, சேன்-ஏர்ஸ்கேன் ரெண்டு பேக்கேஜும் இருந்தா தானே எடுத்துக்கிடும். எச்பி-ன்னா எச்பிலிப்னு டிரைவர் இருக்கு. பிரதர், எப்சன் ரெண்டு பேரும் லினக்ஸுக்குன்னே டிரைவர் குடுக்காங்க.

இப்போ ஆதாரத்துக்கு வருவோம். எனக்கு இந்த வேலையில பெரிய விஷயம் இதுதான். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. வருஷத்துல பாதி நாள் ஈரம். இரும்புப் பெட்டியில வச்ச காகிதமே பூஞ்சை பிடிச்சு மஞ்சளாகுது, மடிப்பு மடிப்பா முறியுது. மர அலமாரின்னா செல்லு அரிச்சுடும். இதப் பாருங்க, மைனிக்க தாத்தா பேர்ல உள்ள ஆதாரம். விளவங்கோடு பக்கத்து நிலம், திருவிதாங்கூர் காலம், எழுத்து முழுக்க மலையாளம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால நம்ம அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்லயும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலயும்தானே இருந்தது. நடு மடிப்புல கிழிஞ்சு, ரெண்டு எழுத்து ஏற்கனவே போயாச்சு. இனி ஒரு மழைக்காலம் தாங்காது.

இந்த மாதிரி காகிதத்தை ஈரத்தோட கண்ணாடிமேல வைக்காதீங்க. நிழல்ல காய விட்டு, மடிப்பை நிமித்தி, கனமான புத்தகத்துக்கு அடியில ஒரு ராத்திரி வைங்க. இஸ்திரிப் பெட்டி போடவே கூடாது. இந்த லைடு மாடல்ல சென்சார் கண்ணாடிக்கு ஒட்டினாப்புல இருக்கும், காகிதம் கொஞ்சம் தூக்கி நின்னாலே அந்த இடம் மங்கிடும். அதனால மூடியை மெதுவா அமத்திப் பிடிக்கணும்.

சிம்பிள் ஸ்கேன் திறக்கேன். மெனுவுல டாக்குமெண்ட் ஸ்கேனர்னு இருக்கும். எழுத்து, படம் ரெண்டு வகை கேக்குது. ஆதாரம்னா எழுத்துதானேன்னு அதை எடுக்காதீங்க, படத்தை எடுங்க. எழுத்து வகையில கலர் போயிடும். முத்திரைத்தாள்ல முத்திரைக்க கலர், கையெழுத்து மை, பின்னால ஊறி வந்த கறை இதெல்லாம் கலர்லதான் பிரிஞ்சு தெரியும். கருப்பு வெள்ளையில எல்லாம் ஒரே அழுக்கா நிக்கும். 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி வைங்க. ஏ4-க்கு 2480-க்கு 3508 புள்ளி வரும், படிக்க அது தாராளம். மை ரொம்ப மங்கியிருந்தா 600. ஆனா பைல் நாலு மடங்காகும், நேரமும் இழுக்கும்.

பாருங்க, வந்துட்டு. பெரிசாக்கிக் காட்டுதேன். இந்த மூலையில ரப்பர் ஸ்டாம்பு வட்டம், வெறும் கண்ணுக்கு ஒரு நீலத் தீற்றல்தான் தெரிஞ்சது. இதுல உள்ள எழுத்தே தெரியுது.

ஆன்லைன்ல ஏத்தும்போது சைஸு குறைக்கச் சொல்லுவாங்க. குறைச்சதை வேற பேர்ல வைங்க, மூல ஸ்கேன்ல கை வைக்காதீங்க. பைலுக்குப் பேரு வைக்கும்போது ஆண்டையும் சேருங்க. பழைய ஆதாரத்துல கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷம் இருக்கும். 1110-ன்னு போட்டிருந்தா, 1934 ஆகஸ்டுல தொடங்கி 1935 ஆகஸ்டு வரைக்கும் உள்ள காலம். 824 கூட்டினா ஆண்டு தொடங்கின வருஷம் கிடைக்கும். ரெண்டையும் பேர்ல போட்டா பிள்ளைகளுக்குத் தேட லேசு.

அச்சடிச்ச பக்கம்னா டெசராக்ட்னு ஒரு மென்பொருள் போட்டு எழுத்தாவே எடுக்கலாம், தமிழுக்கும் உண்டு, மலையாளத்துக்கும் உண்டு, ரெண்டையும் ஒண்ணா குடுத்தாலும் எடுக்கும். கையால எழுதின ஆதாரத்தை அது படிக்காது. அதுக்கு மலையாளம் வாசிக்கத் தெரிஞ்ச பெரியவங்க பக்கத்துல உக்காந்து சொல்லச் சொல்ல நாம தட்டச்சு பண்ணணும். குழித்துறை, களியக்காவிளை பக்கம் அப்படி வாசிக்கவங்க இன்னும் இருக்காங்க, அவங்க இருக்கும்போதே செய்துக்கிடுங்க. ஸ்கேன் பண்ணியாச்சுன்னு மூல ஆதாரத்தைக் கண்ட இடத்துல போட்டுடாதீங்க, ஆபீஸ்ல அதத்தான் கேப்பாங்க.

உங்க ஸ்கேனர் ஓடலன்னா கீழ எழுதுங்க. ஓடலன்னு மட்டும் போட்டா எனக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. எல்எஸ்யுஎஸ்பில வாற அந்த ஒரு வரி, ஸ்கேன்இமேஜ் என்ன சொல்லிச்சு, சூடோ போட்டா என்ன சொல்லிச்சு, இந்த மூணையும் அப்படியே போடுங்க. பாத்துட்டு பதில் போடுதேன். மைனிக்க பெட்டியில இன்னும் கரம் கட்டின ரசீது ஒரு கட்டு கிடக்கு, நான் அதை ஸ்கேன் பண்ணப் போறேன்.