சிறிய டேப்லெட்டா, பெரிய டேப்லெட்டா: கையோடு கொண்டுசெல்ல எது ஏற்றது?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டேப்லெட் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "போகும் இடமெல்லாம் கையோடு கொண்டுபோக வேண்டும், சிறியதை வாங்குவதா, பெரியதை வாங்குவதா?" கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் சிறியதுதானே நல்லது என்று சொல்லிவிட்டு, இந்த உரையை நான் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் கொண்டுபோவது பாதி வேலைதான். போன இடத்தில் அதைப் பையிலிருந்து வெளியே எடுக்கிறோமா, எடுத்தபின் நினைத்த வேலை அதில் நடக்கிறதா என்பது மற்றப் பாதி. எடை குறைவு என்பதற்காக வாங்கிய சிறிய டேப்லெட், எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் மேசை இழுப்பறையில் கிடப்பதும் உண்டு; திரை பெரிது என்பதற்காக வாங்கியது, தூக்கச் சலிப்பாக இருப்பதால் வீட்டைவிட்டு வெளியே வராமலே இருப்பதும் உண்டு.

முதலில் அங்குலக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலருடைய குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. எட்டு அங்குலம், பதினொரு அங்குலம், பதின்மூன்று அங்குலம் என்று சொல்லப்படுவது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள மூலைவிட்டத்தின் நீளம். நம் கண் பார்ப்பதோ பரப்பளவை. ஒரே வடிவமுள்ள திரைகளின் பரப்பளவு மூலைவிட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. எட்டின் வர்க்கம் 64, பதின்மூன்றின் வர்க்கம் 169. ஆகவே 13 அங்குலத் திரையானது 8 அங்குலத் திரையைப்போல ஏறத்தாழ 2.6 மடங்கு பெரியது. அங்குலத்தை மட்டும் காதில் வாங்கிக்கொள்பவருக்கு அது ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் என்றுதான் தோன்றும். இதே மயக்கம் கைப்பேசியோடு ஒப்பிடும்போதும் ஏற்படுகிறது. இன்றைய பெரிய கைப்பேசிகள் 6.7 அங்குலம் வரையும் அதற்கு மேலும் வந்துவிட்டன. அப்படியிருக்க எட்டு அங்குல டேப்லெட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கைப்பேசித் திரை ஒடுங்கி நீண்டது. டேப்லெட்டின் திரை அகன்றது. 6.7 அங்குலக் கைப்பேசியின் திரைப் பரப்பு சுமார் 17 சதுர அங்குலம். நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் அமைந்த எட்டு அங்குலத் திரையின் பரப்பு 30 சதுர அங்குலத்துக்கும் மேல்.

இந்தப் பரப்பளவுக் கணக்கை முன்வைத்துத்தான் 2010 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், ஏழு அங்குல டேப்லெட்டுகளின் திரை தங்களுடைய ஐபேடின் திரையில் பாதிகூட இல்லை என்றும், அவை பிறக்கும்போதே இறந்தவை என்றும் கடுமையாகச் சொன்னார். அவர் போட்ட கணக்கில் தவறு இல்லை. ஆனால் 2012இல் கூகுளின் ஏழு அங்குல நெக்சஸ் 7 விரும்பி வாங்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் ஆப்பிளே 7.9 அங்குல ஐபேட் மினியைக் கொண்டுவந்தது. திரையில் பாதியை இழந்தாலும் பரவாயில்லை, ஒரு கையில் அடங்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். (நிறுவனப் பெயர்களை நான் விளம்பரத்துக்காகச் சொல்லவில்லை என்பதை நேயர்கள் நம்ப வேண்டும், அளவும் எடையும் தெளிவாகத் தெரிந்த கருவிகளைக் கொண்டு பேசினால் கணக்கு நேராக இருக்கும்.)

இனி எடை. 2010இல் வந்த முதல் ஐபேட் 9.7 அங்குலம், எடை 680 கிராம். 2024இல் வந்த 13 அங்குல ஐபேட் ப்ரோவின் எடை 579 கிராம். அதாவது, அன்றைய நடுத்தர டேப்லெட்டைவிட இன்றைய பெரிய டேப்லெட் நூறு கிராம் இலேசானது. எனவே, "பெரியது என்றாலே பாரம்" என்று பத்தாண்டுகளுக்கு முன்பு சொல்லப்பட்டதை அப்படியே இன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் எல்லாப் பெரிய டேப்லெட்டுகளும் இப்படி இளைத்துவிடவில்லை, சாம்சங்கின் 14.6 அங்குல டேப் எஸ்9 அல்ட்ரா 730 கிராமைத் தாண்டுகிறது. சிறியவற்றில், 2021இல் வந்த 8.3 அங்குல ஐபேட் மினி 293 கிராம்தான்.

293க்கும் 579க்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபாடு என்று தாளில் தெரிகிறது. கையில் தெரிவது அதைவிட அதிகம். டேப்லெட்டை நாம் அதன் நடுவில் பிடிப்பதில்லை, ஓரத்தில்தான் பிடிக்கிறோம். நீண்ட குச்சி ஒன்றை நடுவில் பிடிப்பதற்கும் நுனியில் பிடிப்பதற்கும் எவ்வளவு வேறுபாடு உண்டோ, அதே வேறுபாடு இங்கும் உண்டு. எடை, பிடித்த விளிம்பிலிருந்து கருவியின் நடுப்பகுதி வரையுள்ள தூரம் ஆகிய இரண்டின் பெருக்கம்தான் மணிக்கட்டின்மேல் விழும் திருப்புவிசை. சிறிய கருவியின் அகலம் சுமார் 135 மில்லிமீட்டர், பெரியதன் அகலம் சுமார் 215 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால், நிமிர்த்திப் பிடிக்கும்போது பெரியது மணிக்கட்டை மூன்று மடங்குக்கும் அதிகமான விசையோடு திருப்புகிறது. கிடையாகப் பிடித்தால் அந்தத் திருப்புவிசை இன்னும் கூடும். இதனால்தான் கடையில் ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்தபோது இலேசாகத் தோன்றிய பெரிய டேப்லெட், கட்டிலில் சாய்ந்துகொண்டு அரை மணி நேரம் படிக்கும்போது தானாகவே மடியில் இறங்கிவிடுகிறது.

இவ்வளவு எண்களையும் சொன்னபின் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கொண்டுசெல்லும் வசதி என்பது, அங்குலம் ஏற ஏறச் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போகும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது சில எல்லைக்கோடுகளைத் தாண்டும்போது சட்டென்று மாறுகிறது. பை இல்லாமல் வெளியே போக முடியுமா என்பது முதல் கோடு. நின்றபடியே ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் பயன்படுத்த முடியுமா என்பது இரண்டாவது கோடு. எட்டு அங்குல டேப்லெட், ஏ5 அளவுள்ள புத்தகத்தைவிடச் சற்றுச் சிறியது. அகன்ற கோட்டுப்பையிலோ தோளில் தொங்கும் சிறு பையிலோ அடங்கும். விரல்களை விரித்தால் உள்ளங்கைக்குள் குறுக்காகப் பிடித்துக்கொள்ளலாம். பதினொரு அங்குலத்துக்கு வந்துவிட்டால் இரண்டு கோடுகளையும் தாண்டிவிடுகிறோம். அதற்கும் பை வேண்டும். பதின்மூன்று அங்குலத்துக்கும் பை வேண்டும். பதின்மூன்று அங்குல டேப்லெட்டின் வெளியளவு ஏறத்தாழ ஏ4 தாளின் அளவு. ஏ4 குறிப்பேடு நுழையும் எந்தப் பையிலும் அது நுழையும். ஆகவே ஏற்கெனவே நாள்தோறும் பை எடுத்துச் செல்பவர், பதின்மூன்றைத் தவிர்த்துவிட்டுப் பதினொன்றை வாங்குவதால் பெறும் நன்மை நூறு, நூற்றைம்பது கிராம்தான். அந்த எடை பொருட்டல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்காக அவர் திரையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் விட்டுக்கொடுக்கிறார் என்பதை அறிந்தே விட்டுக்கொடுக்க வேண்டும்.

வெளியே எடுத்தபின் என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு வருகிறேன். படிப்பதற்கு என்று சொல்பவர்களிடம், எதைப் படிக்க என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். மின்னூல், செய்தி, கடிதம் போன்றவற்றில் எழுத்தின் அளவை நம் விருப்பத்துக்குக் கூட்டிக்கொள்ளலாம். வரிகள் திரையின் அகலத்துக்கேற்பத் தாமாக மடிந்துகொள்ளும். இவற்றுக்கு எட்டு அங்குலம் தாராளமாகப் போதும். பி.டி.எஃப். கோப்பு அப்படிப்பட்டதன்று. அது அச்சிட்ட பக்கத்தின் படம் போன்றது. பக்கம் சுருங்கினால் எழுத்தும் கூடவே சுருங்கும். ஏ4 பக்கம் ஒன்றை நான்குக்கு மூன்று விகிதமுள்ள எட்டு அங்குலத் திரையில் முழுதாகக் காட்டினால் அது 55 விழுக்காடாகக் குறைகிறது. தாளில் 12 புள்ளி (எழுத்தின் அளவைக் குறிக்கும் பாயிண்ட்) அளவில் இருந்த எழுத்து ஆறரைப் புள்ளியாகிவிடுகிறது. பத்து அங்குலத்தில் அது எட்டுப் புள்ளி. பதின்மூன்று அங்குலத்தில் பத்தரைப் புள்ளிக்கு மேல். ஆறரைப் புள்ளியில் தமிழைப் படிப்பது தனித் துன்பம். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி இருக்கிறதா இல்லையா, இகரத்தின் வளைவு சுழிந்திருக்கிறதா விரிந்திருக்கிறதா என்பதைக் கண் தேடத் தொடங்கிவிடும். பெரிதாக்கிப் பார்க்கலாமே என்றால், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு பக்கங்களுக்கு மேல் யாரும் அப்படிப் படிப்பதாக எனக்குத் தெரியவில்லை. பாடநூல், ஆய்வுக் கட்டுரை, இசைக்குறிப்பு, வரைபடம், வழக்கு ஆவணம் ஆகியவற்றோடு புழங்குபவர்கள் எடையைப் பொறுத்துக்கொண்டு பெரியதை வாங்குவதே சரி.

எழுதுவதில் நிலைமை வேறு வகையாக இருக்கிறது. எட்டு அங்குலத்தை நிமிர்த்திப் பிடித்து இரண்டு பெருவிரல்களாலும் தட்டச்சு செய்யலாம்; கைப்பேசியில் பழகிய கைக்கு அது எளிது. பதின்மூன்று அங்குலத்தை மேசைமேல் கிடையாக வைத்தால் திரை விசைப்பலகையிலேயே பத்து விரல்களும் இடம் பெறும். நடுவிலுள்ள பத்து, பதினொரு அங்குலம்தான் இங்கே இரண்டும் கெட்டானாக நிற்கிறது: பெருவிரல்கள் நடுவிலுள்ள எழுத்துகளை எட்டுவதில்லை, பத்து விரல்களுக்கும் இடம் போதுவதில்லை. தனி விசைப்பலகை இணைப்பதானாலும் இதே கதைதான். வழக்கமான கணினி விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவு வரை 19 மில்லிமீட்டர். அந்த இடைவெளியை அப்படியே வைத்துக்கொள்ளப் பதின்மூன்று அங்குல உடலின் அகலம் இடம் தருகிறது, சிறியவற்றில் சில விசைகளையாவது ஒடுக்கியே ஆக வேண்டும்.

ஆனால் விசைப்பலகையோடு வாங்குபவர்கள் அதன் எடையையும் கூட்டிப் பார்ப்பது மிக அரிது. 2020இல் வந்த 12.9 அங்குல ஐபேட் ப்ரோ 641 கிராம். அதற்கென்று அதே நிறுவனம் விற்ற விசைப்பலகை உறை 700 கிராமுக்கு மேல். இரண்டும் சேர்ந்து 1.3 கிலோவைத் தாண்டின. அதே ஆண்டின் மேக்புக் ஏர் மடிக்கணினி 1.29 கிலோ. மடிக்கணினியைவிட இலேசானது வேண்டும் என்று டேப்லெட்டைத் தேடியவர், கடைசியில் மடிக்கணினியைவிடக் கனமானதைச் சுமந்து சென்றார். நாள் முழுதும் தட்டச்சு செய்வதுதான் உங்கள் வேலை என்றால், எந்த அளவு டேப்லெட் என்ற கேள்வியை விட்டுவிட்டு மடிக்கணினியைப் பார்ப்பது நல்லது.

படம் பார்ப்பவர்கள் அங்குலத்தோடு திரையின் விகிதத்தையும் கேட்டுக்கொள்ளட்டும். பதினொரு அங்குலத்தில், பதினாறுக்குப் பத்து என்ற விகிதமுள்ள திரையின் மொத்தப் பரப்பு நான்குக்கு மூன்று விகிதமுள்ளதைவிடக் குறைவு. இருந்தும் அகலத்திரைப் படம் அதில்தான் பெரிதாகத் தெரியும், ஏனென்றால் மேலும் கீழும் வீணாகும் கறுப்புப் பட்டை மெலிதாக இருக்கும். படிப்பவர்களுக்கு நான்குக்கு மூன்றே நல்லது. திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் புத்தகத்தையும் மறு பக்கம் குறிப்பேட்டையும் வைத்துப் படிக்கும் மாணவர்களுக்குப் பதின்மூன்று அங்குலத்தின் ஒவ்வொரு பாதியும் ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட தனி டேப்லெட்டாகவே நிற்கும். எட்டு அங்குலத்தைப் பிரித்தால் கிடைப்பது ஆறு அங்குலத்துக்கும் குறைவான இரண்டு துண்டுகள். அதற்குக் கையிலுள்ள கைப்பேசியே மேல்.

மின்கலத்தைப் பற்றிப் பரவலாக ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. பெரிய டேப்லெட்டில் பெரிய மின்கலம் இருப்பதால் அது நெடுநேரம் உழைக்கும் என்று எண்ணுகிறார்கள். மேலே சொன்ன 8.3 அங்குலக் கருவியின் மின்கலம் சுமார் 19 வாட்-மணி (மின்கலம் சேமிக்கும் ஆற்றலின் அளவு); 13 அங்குலக் கருவியினுடையது சுமார் 39 வாட்-மணி. இரண்டுக்கும் நிறுவனம் சொல்லும் கணக்கு ஒரே பத்து மணி நேரம்தான். பெரிய திரையை ஒளிரவைக்கவே அந்தக் கூடுதல் மின்சாரம் போய்விடுகிறது. பயணத்தில் இதன் விளைவு வேறு விதமாகத் தெரியும். பரவலாகக் கிடைக்கும் 10,000 மில்லிஆம்ப்-மணி பவர் பேங்க் ஏறத்தாழ 37 வாட்-மணி. இடையில் ஏற்படும் இழப்பைக் கழித்தாலும் அது சிறிய டேப்லெட்டை ஒருமுறை முழுதாக நிரப்பிவிட்டு மீதமும் வைத்திருக்கும். பெரியதை ஒருமுறைகூட முழுதாக நிரப்பாது. ஆக, பெரியதோடு புறப்படுபவர் பெரிய பவர் பேங்கையும் சுமக்க வேண்டியிருக்கும். உறையின் எடையும் அளவுக்கேற்ப ஏறும்.

கைப்பேசியின் அளவும் இந்த முடிவுக்குள் வர வேண்டும். சிறிய கைப்பேசி வைத்திருப்பவருக்கு எட்டு அங்குல டேப்லெட் நல்ல துணை. ஏற்கெனவே பெரிய கைப்பேசி வைத்திருப்பவர் எட்டு அங்குலத்தை வாங்கினால், பரப்பளவு கூடினாலும், வேலைகள் ஒன்றோடொன்று மோதும். பேருந்திலோ வரிசையிலோ நிற்கும்போது முதலில் கைக்கு வருவது கைப்பேசிதான். அப்படிப்பட்டவர் நேராகப் பெரியதற்குப் போவதையே நான் ஆதரிக்கிறேன்.

வாங்கும் முன் செய்து பார்க்கத்தக்க எளிய வழி ஒன்று உண்டு. நீங்கள் நினைத்திருக்கும் டேப்லெட்டின் நீள அகலம் நிறுவனத்தின் விவரக் குறிப்பில் மில்லிமீட்டரில் கிடைக்கும். அதே அளவில் கெட்டியான அட்டை ஒன்றை வெட்டி, உறைக்காக ஒவ்வொரு பக்கமும் சில மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டு, நீங்கள் வழக்கமாக எடுத்துச் செல்லும் பையில் ஒரு வாரம் போட்டு வைத்திருங்கள். வீட்டில் தராசு இருந்தால், டேப்லெட், உறை, எழுதுகோல் ஆகியவற்றின் மொத்த எடைக்குச் சமமான புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்து, அதன் ஓரத்தைப் பிடித்தபடி இருபது நிமிடம் படித்துப் பாருங்கள். ஏ4 பக்கம் ஒன்றை 55 விழுக்காட்டுக்குச் சுருக்கி நகலெடுத்து, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் வெளிச்சத்தில் அதையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கடைக்குப் புறப்படுங்கள்.

நன்றி, வணக்கம்.