அலமோவிலிருந்து வந்த காகிதங்கள்

(திரையில்: பழைய கடிதம் ஒன்றின் கடைசி வரி. சில சொற்கள் மையால் அடிக்கப்பட்டிருக்கின்றன.)

இந்த அடித்தலைக் கொஞ்ச நேரம் பாருங்கள்.

1836 பிப்ரவரி 23. டெக்சஸ் அப்போது மெக்சிகோவின் வட எல்லை. அதிபர் சாந்தா அன்னாவின் படை சான் அந்தோனியோ ஊருக்குள் நுழைந்துவிட்டது. ஆற்றின் மறுகரையில் பழைய ஸ்பானிய மிஷன் வளாகம் ஒன்று இருக்கிறது. பெயர் அலமோ. ஏறக்குறைய 150 பேர் அவசரமாக அதற்குள் புகுந்திருக்கிறார்கள். ஊர்த் தேவாலயத்தின் மேல் சிவப்புக் கொடி ஏறுகிறது. உயிர்ப்பிச்சை கிடையாது என்பது அதன் பொருள்.

உள்ளே இருந்த தன்னார்வப் படையின் தலைவர் ஜிம் போவி ஸ்பானிய மொழியில் ஒரு கடிதம் அனுப்புகிறார். நீங்கள் பேச்சுவார்த்தைக்கு அழைத்ததாகச் சொல்கிறார்கள், உண்மையா என்று கேட்கிறது கடிதம். எழுதியது வேறொருவர். கீழே நோயாளியான போவியின் நடுங்கிய கையெழுத்து. மெக்சிகோ அலுவல் கடிதங்களின் வழக்கப்படி முதலில் "கடவுளும் மெக்சிகோ கூட்டாட்சியும்" என்றுதான் முடித்திருக்கிறார்கள். பிறகு கூட்டாட்சியை அடித்துவிட்டு, "கடவுளும் டெக்சசும்" என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கலகம் தொடங்கியபோது பலரும் கேட்டது தனிநாடு இல்லை. 1824ஆம் ஆண்டின் கூட்டாட்சி அரசியல் சட்டத்தை சாந்தா அன்னா தூக்கி எறிந்துவிட்டார், அதைத் திரும்பக் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியவர்களோடு, தெஹானோ என்று அழைக்கப்பட்ட உள்ளூர் மெக்சிகோக்காரர்களும் அதற்காகத் துப்பாக்கி எடுத்தார்கள். தனிநாடு என்ற முறையான அறிவிப்பு மார்ச் 2ஆம் தேதிதான் வந்தது. அதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே ஒருவர் கையில் பேனாவோடு மனம் மாறியதை இந்த அடித்தலில் பார்க்கிறோம். அச்சுப் புத்தகத்தில் படித்தால் அடித்தது தெரியாது, முடிவு மட்டும்தான் தெரியும். காகிதத்தையே பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பதில் அன்றே வந்தது. கலகம் செய்யும் அந்நியர்களோடு பேச்சு கிடையாது, உயிர் வேண்டுமானால் அரசிடம் சரணடையுங்கள்.

(திரையில்: டிராவிஸின் கடிதம். கடைசியில் மூன்று முறை அடிக்கோடிட்ட சொற்கள்.)

மறுநாள் எழுதப்பட்ட இந்தக் கடிதம் உலகப் புகழ் பெற்றது. எழுதியவர் அலமோவின் தளபதி வில்லியம் டிராவிஸ், வயது 26. "டெக்சஸ் மக்களுக்கும் உலகிலுள்ள எல்லா அமெரிக்கர்களுக்கும்" என்று தொடங்குகிறார். சரணடையச் சொன்னார்கள், பீரங்கிக் குண்டால் பதில் சொன்னேன், ஒருபோதும் சரணடைய மாட்டேன், பின்வாங்கவும் மாட்டேன் என்கிறார். முடிவில் "வெற்றி அல்லது மரணம்". அதன் கீழே மூன்று கோடுகள்.

போவி அனுப்பிய கடிதத்தைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. டிராவிஸ் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. பீரங்கி வெடித்ததும் உண்மை, பேச்சுக்கு ஆள் போனதும் உண்மை. ஆனால் உதவிக்கு ஆள் வர வேண்டும் என்று எழுதுகிற மனிதன் எதைச் சொல்வான், எதை விடுவான்? இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்தால்தான் இந்தக் கேள்வியே எழும்.

முழங்கும் வரிகளை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இந்தக் கடிதத்தில் மிகவும் பிடித்தது கையெழுத்துக்குக் கீழே உள்ள பின்குறிப்பு. கடவுள் நம் பக்கம் இருக்கிறார் என்று தொடங்கி, உடனே மக்காச்சோளக் கணக்குக்குப் போகிறது. எதிரி கண்ணில் பட்டபோது எங்களிடம் மூன்று புஷல் (தானியம் அளக்கும் அளவை) கூட இல்லை, பிறகு ஆளில்லாத வீடுகளில் 80, 90 புஷல் கிடைத்தது, 20, 30 மாடுகளை உள்ளே ஓட்டி வந்தோம். முற்றுகை என்றால் என்ன என்று இந்தப் பின்குறிப்பு சொல்லித்தருகிறது. அந்த வீடுகள் ஏன் ஆளில்லாமல் கிடந்தன? அந்தக் குடும்பங்கள் தங்கள் சோளத்தையும் விட்டுவிட்டு எங்கே போயின? டிராவிஸ் அதைச் சொல்லவில்லை. அவர் சொல்லாததையும் நாம்தான் காதில் வாங்க வேண்டும்.

காகிதத்தைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் வேறு கையெழுத்து இருக்கிறது. கடிதத்தைச் சுமந்து குதிரையில் கான்சாலஸ் ஊருக்குப் போன ஆல்பர்ட் மார்ட்டின் எழுதியது. நாள் முழுக்கப் பீரங்கிச் சத்தம் கேட்டது, அலமோவைத் தாக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், நான் கிளம்பும்போதே வெடிமருந்து குறைவு, ஆட்களை விரைவாக அனுப்புங்கள் என்று அவசரமாகக் கிறுக்கியிருக்கிறார். கான்சாலஸிலிருந்து 32 பேர் கிளம்பி மார்ச் 1ஆம் தேதி அதிகாலை கோட்டைக்குள் புகுந்தார்கள். மார்ட்டினும் திரும்பிப் போனார். அங்கேயே இறந்தார். 1893இல் டிராவிஸின் வாரிசுகளிடமிருந்து டெக்சஸ் மாநிலம் இந்தக் காகிதத்தை 85 டாலருக்கு வாங்கியது. இன்று அது ஆஸ்டின் நகரில் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

(திரையில்: ஒரு வெப்பமானி. பின்னணியில் கூடாரங்கள்.)

இப்போது சுவருக்கு வெளியே போவோம். சாந்தா அன்னாவின் உதவியாளர் ஹுவான் அல்மோந்தே தினமும் நாட்குறிப்பு எழுதினார். முக்கியமாக, நடக்க நடக்க எழுதினார். முடிவு தெரிந்த பிறகு எழுதுகிறவர் தன்னை அறியாமலே கதையை முடிவை நோக்கித் திருப்பிவிடுவார். நாளை என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதுகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அல்மோந்தே வானிலையைக் குறிக்கிறார், வெப்பமானி காட்டிய அளவைக் குறிக்கிறார். வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்தது எந்த நாள் என்று நமக்குத் தெரிவது அவரால்தான்.

அந்தக் குளிரை மனத்தில் வைத்துக்கொண்டு, மார்ச் 5ஆம் தேதி எழுதப்பட்ட தாக்குதல் உத்தரவைப் படியுங்கள். நான்கு படைப்பிரிவுகள். முதல் பிரிவுக்குப் பத்து ஏணி, இரண்டு கடப்பாரை, இரண்டு கோடாலி. தொப்பியின் தாடைப்பட்டையைக் கட்டிக்கொள்ள வேண்டும். காலில் செருப்போ காலணியோ இருக்க வேண்டும். மேல்கோட்டு கூடாது, போர்வை கூடாது, ஓட்டத்தைத் தடுக்கும் எதுவும் கூடாது. பயிற்சி இல்லாத புது ஆட்கள் முகாமிலேயே இருக்கட்டும். இருட்டியதும் தூங்கிவிட்டு நள்ளிரவுக்குள் தயாராக வேண்டும். செருப்பு இருக்கிறதா என்று உத்தரவு போட்டுப் பார்க்க வேண்டிய நிலையில் இருந்த ஒரு படை அது. மார்ச் மாதக் கடுங்குளிரில் போர்வை இல்லாமல், விடியும் வரை காத்திருந்த அந்தச் சிப்பாய்களை வெறும் "எதிரிப்படை" என்று கடந்து போக, இதைப் படித்த பிறகு என்னால் முடியவில்லை.

மார்ச் 6 விடியலில் தாக்குதல் நடந்தது. சூரியன் எழுவதற்குள் ஏறக்குறைய எல்லாம் முடிந்துவிட்டது.

எத்தனை பேர் இறந்தார்கள்? அன்று காலையே போர் அமைச்சருக்கு அறிக்கை அனுப்பிய சாந்தா அன்னா, அந்நியர்கள் 600 பேருக்கு மேல் மாண்டார்கள் என்கிறார். அவருடைய உதவியாளர் அல்மோந்தே தன் குறிப்பேட்டில் 250 என்கிறார். உடல்களை எரித்ததைக் கண்ணால் பார்த்ததாக 1860இல் வெளியான குறிப்பில் சொல்லும், போரின்போது சான் அந்தோனியோ நகரத் தலைவராக இருந்த பிரான்சிஸ்கோ ரூயிஸ் 182 என்கிறார். ரூயிஸின் கணக்குத்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்காக அவரையே எல்லாவற்றுக்கும் நம்பிவிட முடியாது. மெக்சிகோ தரப்பு இழப்பை அவர் ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சொல்கிறார். அல்மோந்தே எழுதியது 65 பேர் சாவு, 223 பேர் காயம். ஒரே சாட்சி ஒரு விஷயத்தில் நம்பகமாகவும் அடுத்த விஷயத்தில் தவறாகவும் இருக்க முடியும்.

அல்மோந்தேயின் மார்ச் 6 பதிவு எப்படி முடிகிறது தெரியுமா? இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்ட பீரங்கிகள் எல்லாவற்றையும் எண்ணிவிட்டு, கடைசியாக ஒரு சின்ன வாக்கியம்: எங்கள் சிப்பாய்களே என்னைக் கொள்ளையடித்துவிட்டார்கள். இப்படி ஒரு வரியை யாரும் பிற்காலத்தில் இட்டுக்கட்ட மாட்டார்கள். அதனால்தான் அந்த நாட்குறிப்பின் மேல் எனக்கு நம்பிக்கை. ஏழு வாரத்தில், டெக்சஸ் படை சாந்தா அன்னாவை வென்ற சான் ஹசின்டோ போரில், அது அந்தப் படையிடம் சிக்கியது. ஜூன் மாதமே நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஆங்கிலத்தில் வெளியானது.

(திரையில்: மண்ணில் ஒரு கோடு.)

அலமோ என்றதும் பலருக்கு நினைவு வருவது இந்தக் கோடுதான். டிராவிஸ் வாளால் தரையில் கோடு கிழித்தார், சாகத் துணிந்தவர்கள் தாண்டி வாருங்கள் என்றார், ஒருவர் தவிர எல்லோரும் தாண்டினார்கள். 1836ஆம் ஆண்டுக் காகிதங்களில் இது இல்லை. முதலில் அச்சானது 1873இல், வில்லியம் ஜூபர் எழுதிய கட்டுரையில். கோட்டையிலிருந்து தப்பிய மோசஸ் ரோஸ் என்பவர் ஜூபரின் பெற்றோரிடம் சொன்னாராம், அம்மா மகனிடம் சொன்னாராம். டிராவிஸின் உரையில் ஒரு பத்தி தன் சொந்தக் கற்பனை என்று ஜூபரே பின்னர் ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் ரோஸ் என்ற ஆளே இல்லையா? நகடோச்சஸ் ஊர் நில ஆவணங்களைப் புரட்டியபோது, அலமோவில் இறந்தவர்களின் வாரிசுகளுக்காக 1838இல் சாட்சி சொன்ன ரோஸ் ஒருவர் கிடைத்தார். அங்கே வீரவசனம் எதுவும் கிடையாது. நிலப் பட்டாவுக்கான சாட்சியம் மட்டும்தான். ஆள் இருந்தார் என்று நம்பலாம். கோட்டுக்கு மட்டும் இன்னும் ஆதாரம் இல்லை.

கோட்டைக்குள் இருந்தவர்களில் பெரும்புகழ் பெற்ற, முன்னாள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் டேவி கிராக்கெட் எப்படி இறந்தார் என்ற சண்டையும் இந்த வகைதான். பிடிபட்ட ஏழு பேரில் ஒருவராக அவர் கொல்லப்பட்டார் என்று மெக்சிகோ அதிகாரி தெ லா பெனியாவின் கையெழுத்துப்படி சொல்கிறது. அது அச்சானது 1955இல்தான் என்பதால் போலி என்றவர்கள் உண்டு. காகிதத்தைச் சோதித்தவர்கள் அது அந்தக் காலத்தது என்றார்கள். காகிதம் பழையது என்பதால் மட்டும் அதில் எழுதியது உண்மையாகிவிடாது. அவர் சண்டையிலே விழுந்தார் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். இதில் நான் பக்கம் எடுக்கப் போவதில்லை. எனக்கு அதைவிட முக்கியமான சாட்சி ஒருவர் இருக்கிறார்.

(திரை இருளாகிறது. பிறகு ஒரு பெயர் மட்டும்: ஜோ.)

ஜோ இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த இளைஞர். டிராவிஸின் அடிமை. "சுதந்திரத்தின் பெயரால்" என்று டிராவிஸ் அந்தக் கடிதத்தை எழுதிய நாட்களில் அதே சுவர்களுக்குள் இருந்தவர். கடைசி விடியலில் டிராவிஸின் அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர்.

மார்ச் 20ஆம் தேதி, புதிய டெக்சஸ் அரசின் அமைச்சர்கள் முன்னால் ஜோ நடந்ததைச் சொன்னார். அங்கே இருந்த வில்லியம் ஃபேர்ஃபாக்ஸ் கிரே என்ற வர்ஜீனியாக்காரர் கேட்டுத் தன் நாட்குறிப்பில் எழுதினார். சத்தம் கேட்டு டிராவிஸ் துப்பாக்கியோடு ஓடினார், ஜோ பின்னாலேயே ஓடினார். சுவரில் ஏறியதும் இருவரும் சுட்டார்கள். தொடக்கத்திலேயே டிராவிஸ் குண்டடிபட்டுச் சரிந்தார். ஜோ ஒரு வீட்டுக்குள் ஒதுங்கி அங்கிருந்து பலமுறை சுட்டார். எல்லாம் அடங்கிய பிறகு, கறுப்பர் யாராவது இருக்கிறார்களா என்று ஓர் அதிகாரி கூப்பிட்டார். ஜோ வெளியே வந்தார். வந்தவரை இரண்டு சிப்பாய்கள் கொல்லப் பார்த்தார்கள், இன்னொரு அதிகாரி தடுத்தார். இரண்டு பீரங்கிகளுக்கு நடுவே ஒரு பெண் செத்துக் கிடந்ததையும் ஜோ பார்த்தார். கிரேயின் குறிப்பில் அவளுக்குப் பெயர் இல்லை.

டிராவிஸ் எப்படி இறந்தார் என்று உலகம் இன்று சொல்வதன் வேர் இந்தச் சாட்சியம்தான். ஜோ தெளிவாக, அடக்கமாகச் சொன்னார் என்று கிரே பாராட்டுகிறார். ஜோவின் வகுப்பைச் சேர்ந்த ஒருவருக்கு இது ஆச்சரியமான தெளிவு என்றும் சேர்த்துக்கொள்கிறார். நமக்குக் கிடைத்திருப்பது ஜோவின் சொற்கள் அல்ல, இப்படி நினைத்த ஒருவரின் காது வழியே வந்த சொற்கள். ஜோ பேசுவதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 17இல், டெக்சஸ் தன் அரசியல் சட்டத்தை ஏற்றிருந்தது. அடிமைகளை விடுவிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. சாட்சி சொல்லி முடித்த ஜோ, இறந்த டிராவிஸின் சொத்துக் கணக்கில் சேர்க்கப்பட்டார்.

(திரையில்: பழைய செய்தித்தாள் விளம்பரம்.)

ஜோவைப் பற்றி இன்னொரு காகிதம் இருக்கிறது. 1837 ஏப்ரல் 21, சான் ஹசின்டோ வெற்றியின் முதல் ஆண்டு நிறைவு நாள். அன்று ஜோ தப்பி ஓடினார். டிராவிஸின் சொத்தை நிர்வகித்தவர் டெக்சஸ் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பிடித்துத் தருபவருக்கு 50 டாலர். கூடவே ஒரு மெக்சிகோக்காரரும் இரண்டு குதிரைகளும் சேணங்களும் கடிவாளங்களும் போய்விட்டதாக அதில் இருக்கிறது. ஆளை அடையாளம் காட்ட இன்னொரு குறிப்பும் இருக்கிறது: அலமோ விழுந்தபோது எசமானோடு உள்ளே இருந்தவன் இவன்.