கூரைக் கோழியும் குச்சியில் சுற்றிய புழுவும்

(பட்டிமன்றத் தலைப்பு: அமெரிக்க அதிபர்களின் பெயர் நிலைத்து நிற்பது பதவியில் ஆண்ட ஆண்டுகளாலா, பதவி இறங்கிய பின் வாழ்ந்த ஆண்டுகளாலா? ‘இறங்கிய பின்னே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மணி ஒன்பதரை ஆகியும் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடாம உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். எட்டு நிமிஷம்தான் குடுத்திருக்காங்க. மாலை போடற நேரத்தை எல்லாம் நான் ஏற்கெனவே கழிச்சிட்டேன்.

எதிரணித் தலைவர் லிங்கன்ல ஆரம்பிச்சாரு, ரூஸ்வெல்ட்ல முடிச்சாரு. ரெண்டு பேரும் மலை மாதிரி மனுஷங்க, நான் மறுக்கல. ஆனா ஐயா, லிங்கன் 1865-ல பதவியில இருக்கும்போதே சுடப்பட்டு இறந்தாரு. ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945-ல பதவியில இருக்கும்போதே இறந்தாரு. ரெண்டு பேருமே நாற்காலியை விட்டு இறங்கவே இல்ல! பரீட்சை ஹாலுக்கே வராத பையனைக் காட்டி, ‘பாருங்க, இவன் பரீட்சையில ஒண்ணும் எழுதல’ன்னா என்னய்யா நியாயம்?

நடுவர் சிரிக்கிறாரு. சிரிப்பு மட்டும் போதாதுங்க, தீர்ப்புலயும் கொஞ்சம் காட்டணும்.

எதிரணித் தலைவரு அதோட நிறுத்தியிருந்தா நானும் நாலு பேரைச் சொல்லிட்டு உட்கார்ந்திருப்பேன். எங்க ஆளு ஜிம்மி கார்ட்டரை ஒரு இடி இடிச்சாரு பாருங்க: “ஈரான் தலைநகர் டெஹ்ரான்ல பிணைக்கைதியா மாட்டிக்கிட்ட 52 அமெரிக்கர்களை 444 நாள் மீட்க முடியல. தேர்தல்ல தோத்தாரு. வேற வேலை வெட்டி இல்லாம ஆப்பிரிக்காவுக்குப் புழு பிடிக்கப் போனாரு. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்!” விசில் பறந்துச்சு. நானே கை தட்டினேன், எதுகை மோனைக்கு நான் அடிமை.

கோழி கணக்கை முதல்ல ஒத்துக்கிறேன். 1980 ஏப்ரல்ல மீட்கப் போன ஹெலிகாப்டர் எட்டு. பாலைவனத்துப் புழுதியிலயும் பழுதுலயும் சிக்கி வந்து சேர்ந்தது ஆறு, அதுல பறக்கத் தகுதியா நின்னது அஞ்சு. குறைஞ்சது ஆறு வேணும்னு திட்டம். திரும்பலாம்னு முடிவு பண்ணிக் கிளம்பும்போது ஒரு ஹெலிகாப்டர் விமானத்துல மோதி எட்டு வீரர்கள் செத்தாங்க. பிணைக்கைதிகளை ஈரான் விட்டது 1981 ஜனவரி 20, ரீகன் பதவிப் பிரமாணம் எடுத்த சில நிமிஷத்துல. தேர்தல்ல அந்த ரீகன்கிட்டதான் கார்ட்டர் 50 மாநிலத்துல 44-ல தோத்திருந்தாரு. ஊருக்குத் திரும்பினா, அறக்கட்டளை கையில விட்டுட்டு வந்த கடலை வியாபாரம் பத்து லட்சம் டாலர் கடன்ல நிக்குது. வயசு 56. கோழி பறந்தது மட்டும் இல்லைங்க, கூரையும் இடிஞ்சிருந்தது.

இப்ப புழுவுக்கு வருவோம். ‘புழு பிடிக்க’ன்னு லேசா சொல்லிட்டுப் போயிட்டாரே, அது எந்தப் புழுன்னு சொன்னாரா?

1988. கானா நாட்டுல ஒரு கிராமம். கார்ட்டரும் மனைவி ரோஸலினும் போயிருக்காங்க. ஊரே கூடி நிக்குது. ஓரமா ஒரு இளம்பெண், கையில குழந்தையை அணைச்சு வச்ச மாதிரி நிக்குது. அமெரிக்க அரசியல்வாதிக்குக் குழந்தையைப் பார்த்தா கை சும்மா இருக்குமா? பேரு என்னம்மான்னு கேட்கலாம்னு கிட்டப் போறாரு.

குழந்தை இல்லைங்க.

மறுபடி சொல்றேன், பின்வரிசையில ரெண்டு பேரு போனைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. பேரு கேட்கக் கிட்டப் போனாரு. கையில குழந்தை இல்ல. அந்தப் பொண்ணோட மார்பு வீங்கி, அதோட பாரம் தாங்காம கையால ஏந்திப் பிடிச்சிருக்கு. அதுலேர்ந்து புழு வெளிய வந்துக்கிட்டிருக்கு. உயிரோட.

விசில் சத்தம் நின்னுடுச்சே?

அந்தப் புழுவுக்கு இங்கிலீஷ்காரன் வச்ச பேரு கினி வார்ம். நம்ம மொழியில பழைய பேரே இருக்கு: நரம்புச்சிலந்தி. பேரு இருக்குன்னா என்ன அர்த்தம்? நம்ம பாட்டன் பூட்டனும் பட்டிருக்காங்கன்னு அர்த்தம். ராஜஸ்தான்ல படிக்கிணறுல இறங்கித் தண்ணி மொண்டவங்க 1990-கள் வரைக்கும் பட்டாங்க. இந்தியாவுல கடைசி நோயாளி 1996-ல. அது நம்ம அரசாங்கம் தானே திட்டம் போட்டுச் செஞ்ச வேலை, அதைக் கார்ட்டர் கணக்குல நான் எழுதல. எழுதினா எதிரணி என்னைக் குச்சியில சுத்திடுவாங்க.

நோய் எப்படி வருது? குட்டைத் தண்ணியில கண்ணுக்குப் புள்ளியாத் தெரியற ஒரு பூச்சி. அதுக்குள்ள புழுவோட குஞ்சு. தண்ணியோட குடிக்கிறோம். வயித்துல பூச்சி சாகுது, குஞ்சு சாகல. உடம்புக்குள்ள நடந்து, வளர்ந்து, கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு ஒரு மீட்டர் நீளத்துல, சேமியா கனத்துல, பெரும்பாலும் காலைப் பொத்துக்கிட்டு வருது. அந்த ஒரு வருஷம் இருக்கே, அதுதான் சூழ்ச்சி. போன வருஷம் குடிச்ச தண்ணியாலதான் இந்த வருஷம் புழுன்னு எந்த ஊர் ஜனம் நம்பும்? சாபம்னுதான் சொல்லும்.

தோல் கொப்புளிச்சா நெருப்பு வச்ச மாதிரி எரியும். எரிஞ்சா என்ன செய்வோம்? காலைக் குட்டையில விடுவோம். புழு அதுக்காகவே காத்திருக்கு. தண்ணி பட்ட நொடியில லட்சக்கணக்கான குஞ்சுகளைக் கக்கும். பூச்சி தின்னும், ஊர் குடிக்கும், அடுத்த வருஷம் திரும்பவும். மாலி நாட்டுல இதுக்கு ‘காலிக் குதிர் நோய்’னே பேரு, ஏன்னா உழவு நேரத்துல ஊரே படுத்துடும். கேட்டீங்களா? 56 வயசுல பதவி இழந்த ஒருத்தர் வேலை வெட்டி இல்லாம போய் நின்ன இடம் இது.

மருந்து? இன்னைக்கு வரைக்கும் கிடையாது. தடுப்பூசி? கிடையாது. ஒரு தடவை வந்தா மறுபடி வராதான்னா, வரும். இருக்கிற ஒரே வைத்தியம் ஒரு குச்சி. வெளிய வந்த தலைப்பைக் குச்சியிலயோ சுருட்டின துணியிலயோ சுத்தி, ஒரு நாளைக்குச் சில சென்டிமீட்டர். அவ்வளவுதான். அவசரப்பட்டு இழுத்தா அறுந்துடும். அறுந்த புழு உள்ளயே அழுகி, கால் சீழ் வச்சு, மூட்டு மடங்காமயே போயிடும். வாரக்கணக்குல தினமும் சுத்தணும். எதிரணித் தலைவர் ஏளனமா சொன்னாரே புழு பிடிக்கிறதுன்னு, அது இதுதான்.

இதை ஒழிக்க என்ன செய்யணும்? தண்ணியை வடிகட்டணும். வேட்டித் துணி போதாதான்னு கேட்பீங்க. பருத்தி சீக்கிரம் சேறு அடைச்சுக்கும். ரெண்டாம் நாள் அம்மா கடுப்பாகித் துணியைத் தூக்கிப் போட்டுடுவாங்க. அதனால பொடிக்கண்ணு நைலான் துணி வேணும். துணி உற்பத்தி பண்ற பெரிய கம்பெனிகள்கிட்டக் கேட்டு வாங்கித் தர்றதுக்கு ஒரு முன்னாள் அதிபர் தேவைப்பட்டாரு. துணி வந்தாப் போதுமா? இன்னொரு கண்ணி இருக்கு. இன்னைக்கு மேல் பக்கமா கட்டின துணியை நாளைக்குப் புரட்டிக் கட்டினா, நேத்து மாட்டின பூச்சியெல்லாம் நேரா குடிக்கிற பானைக்குள்ள! அதனால எந்தப் பக்கம் மேலன்னு வீடு வீடாப் போய்ச் சொல்லணும். சின்ன ஓட்டை விழுந்தா அது துணி இல்ல, வெறும் அலங்காரம். மாடு மேய்க்கிறவங்க பானை கட்டிக்கிட்டு அலைய முடியாதே. அவங்களுக்கு முனையில வலை வச்ச ஒரு குழாய், கழுத்துல கயிறு கட்டித் தொங்க விட்டுக்கலாம், குட்டையில வச்சு உறிஞ்சலாம். பூச்சியைக் கொல்லக் குட்டைக்கு அளவா மருந்து விடணும். அது ஊர் சாமியோட குட்டைன்னா, கைவைக்க விடமாட்டாங்க, அங்க உட்கார்ந்து பேசணும். இதெல்லாம் வெள்ளை மாளிகையில ஒரு கையெழுத்துப் போட்டா நடக்கிற வேலையா?

நடுவர் அவர்களே, என் தலைப்பு இங்கதான் இருக்கு. 1995-ல சூடான்ல உள்நாட்டுப் போர். வடக்கும் தெற்கும் சுட்டுக்கிட்டிருக்கு. பதவியில இருக்கிற அதிபர் போய் ‘சண்டையை நிறுத்து’ன்னா, எண்ணெய்க்கா, ஆயுதத்துக்கான்னு ரெண்டு பக்கமும் சந்தேகப்படும். கார்ட்டர் போய்க் கேட்டது புழுவுக்காக. ரெண்டு மாசம்னு ஒத்துக்கிட்டாங்க, அது ஏறத்தாழ ஆறு மாசம் நீண்டுச்சு. துப்பாக்கி ஓய்ஞ்ச இடைவெளியில வடிகட்டித் துணியோட ஆளுங்க கிராமத்துக்குள்ள போனாங்க. 444 நாள் ஒரு நாட்டை மசிய வைக்க முடியாத அதே மனுஷன்! கையில ராணுவம் இருந்தப்ப முடியாதது, கையில துணி இருந்தப்ப முடிஞ்சது.

மாலியில அமாடு துமானி துரே 1992-ல அதிகாரத்தை மக்கள் ஆட்சிகிட்ட ஒப்படைச்சிட்டு இறங்கினாரு. அவரையும் கார்ட்டர் விடல, வாங்க புழு பிடிப்போம்னு கூட்டிக்கிட்டாரு. நைஜீரியாவோட முன்னாள் ஆட்சித் தலைவர் கோவனையும் அப்படித்தான். ரிட்டையர் ஆனவங்க சங்கம் வச்சா நம்ம ஊர்ல பென்ஷன் உயர்வுக்கு மனு குடுப்பாங்க. இவங்க குட்டை குட்டையா இறங்கினாங்க.

மத்தவங்களைச் சொல்லலைன்னா எங்க அணித் தலைவர் கோவிச்சுப்பாரு. ஜான் குவின்சி ஆடம்ஸ்: 1828-ல தோத்தாரு, ரெண்டு வருஷத்துல சாதாரண உறுப்பினரா பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வானாரு, 17 வருஷம் அங்க அடிமை முறைக்கு எதிரா மல்லுக்கட்டினாரு. அடிமை ஒழிப்பு மனுவையே விவாதிக்கக் கூடாதுன்னு ஒரு விதி வச்சிருந்தாங்க, அதை 1844-ல உடைச்சாரு. 1848-ல சபையிலயே சரிஞ்சு, ரெண்டு நாள்ல சபாநாயகர் அறையிலயே உயிர் விட்டாரு. அப்போ அதே சபையில முதல் தடவை உறுப்பினரா இருந்தவர் பேரு ஆபிரகாம் லிங்கன். எதிரணித் தலைவர் குறிச்சுக்கலாம், பேனா தரட்டுமா?

டாஃப்ட் 1912-ல ரெண்டே மாநிலம் ஜெயிச்சாரு. 1921-ல தலைமை நீதிபதி ஆனாரு. தான் அதிபரா இருந்ததே ஞாபகம் இல்லைங்கிற அளவுக்கு அந்த வேலையில கரைஞ்சாரு. கிராண்ட், கூட்டாளி ஏமாத்தி 1884-ல கையில காசில்லாம ஆகி, தொண்டைப் புற்றுநோயோட உட்கார்ந்து, மனைவி பட்டினி கிடக்கக் கூடாதுன்னு சுயசரிதை எழுதி முடிச்சு, சில நாள்ல செத்துப்போனாரு. மார்க் ட்வெய்ன் பதிப்பிச்சாரு. அந்தம்மாவுக்குக் கிடைச்சது நாலு லட்சம் டாலருக்கு மேல. அப்ப முன்னாள் அதிபருக்குப் பென்ஷனே கிடையாது, அது வந்தது 1958-ல.

முதல் மணி அடிச்சாச்சு. சரி, ஐயா.

கார்ட்டரோட புழு ஒழிப்புத் திட்டம் ஆரம்பிச்ச 1986-ல வருஷத்துக்கு 35 லட்சம் பேருக்கு இந்தப் புழு. 2015-ல 22 பேரு. அந்த வருஷம் ஆகஸ்ட்ல கார்ட்டருக்கு 90 வயசு, புற்றுநோய் மூளை வரைக்கும் போயிருக்கு. நிருபர்கள் முன்னாடி உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, நான் சாகறதுக்கு முன்னாடி கடைசிப் புழு சாகணும்னு. சாவுகிட்ட டைம் கேட்கிறவன் பேரனுக்குக் கல்யாணம் பார்க்கணும்னு கேட்பான். இவரு புழுவுக்காகக் கேட்டாரு.

டைம் கிடைச்சது. 2019-ல 95 வயசுல வீட்டுல விழுந்து புருவத்துக்கு மேல 14 தையல். மறுநாள் கருப்புக் கண்ணோட நாஷ்வில்ல ஏழைகளுக்கு வீடு கட்டற இடத்துல வேலைக்கு வந்து நின்னாரு. 2023 நவம்பர்ல ரோஸலின் போயிட்டாங்க. கல்யாணமாகி 77 வருஷம். இறுதிப் பிரார்த்தனைக்குச் சக்கர நாற்காலியில வந்தாரு, கால் மேல அந்தம்மா முகம் பதிச்ச ஒரு போர்வை. பேச முடியல. பார்த்துக்கிட்டே இருந்தாரு. 2024 டிசம்பர் 29-ல, 1961-ல கட்டின அதே சின்ன வீட்டுல, நூறு வயசுல போனாரு.

எதிரணி கேட்கும், புழு செத்துச்சான்னு. இல்லைங்க. சாட் நாட்டுல அது நாய்களுக்குள்ள ஒளிஞ்சிடுச்சு. இப்ப நாயைக் கட்டிப்போடு, மீன் குடலைப் புதைன்னு ஊர் ஊராச் சொல்லிக்கிட்டிருக்காங்க. அவர் இறந்த 2024-ஆம் வருஷக் கணக்கு 15 பேரு: சாட்ல ஒன்பது, தெற்கு சூடான்ல ஆறு. அவர் ஆசைப்பட்டது நடக்கல, புழுதான் ஜெயிச்சது, பதினைஞ்சு கால் வித்தியாசத்துல.

ரெண்டாவது மணியும் அடிச்சாச்சு. எதிரணித் தலைவரே, அந்தக் கோழியை நீங்களே வச்சுக்கோங்க. அந்தப் பதினைஞ்சு பேர் பக்கத்துலயும் ஒருத்தர் உட்கார்ந்து, அறுந்துடாம, இன்னைக்கு மூணு சென்டிமீட்டர், நாளைக்கு மூணு சென்டிமீட்டர்னு சுத்தினாங்களே, அந்தக் குச்சியை எங்க அணிக்குக் குடுத்துடுங்க. வணக்கம்.