விதைக்குத் தாவரச் சாறு: நனைப்பதற்கு முன் ஈரத்தைப் பாருங்கள்

வணக்கம். சேமித்து வைக்கும் விதையில் பூஞ்சாணம் பிடிக்காமல் இருக்க எந்தச் சாற்றில் நனைப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் இந்தக் கண்ணாடிச் சீசாவைப் பாருங்கள். நன்கு உலர்ந்த சீசாவில் ஒரு பங்கு தானிய விதையையும் சில கரண்டி உலர்ந்த உப்பையும் போட்டுக் குலுக்கி, கால் மணி நேரம் அசையாமல் வைத்திருக்கிறேன். கண்ணாடியின் உட்புறத்தில் உப்பு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிகிறதல்லவா? இந்த விதையில் 15 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கிறது என்று பொருள். எந்தச் சாறும் இதைக் காப்பாற்றாது.

சேமிப்பில் விதையைக் கெடுப்பவை பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைப் பூஞ்சாணங்கள். சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது இருக்கும் பங்கு) ஏறத்தாழ 65 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அவற்றால் வளர முடியாது. ஈரம் கூடினாலோ, மேல்தோலில் பச்சையாகவோ கருப்பாகவோ பூசணம் நம் கண்ணுக்குத் தெரியும் முன்பே உள்ளிருக்கும் கரு செத்துப்போயிருக்கக்கூடும். ஆகவே காய வைப்பதே முதல் மருந்து. சாறு அதற்குத் துணை மட்டுமே.

அந்தத் துணைக்கும் வலிமை உண்டு. பூண்டுப் பல்லை நசுக்கும்போதுதான், செல்லுக்குள் தனித்தனியாக இருந்த அல்லியின் என்ற பொருளும் அதை மாற்றும் நொதியும் கலந்து, பூஞ்சாணத்தை ஒடுக்கும் அல்லிசின் உருவாகிறது. முழுப் பல்லாக வேகவைத்தால் நொதி அழிந்துவிடும் என்பதால், பச்சையாக நசுக்கிச் சில நிமிடங்கள் விட்டு, பிறகு நீரில் கரைத்து வடிகட்ட வேண்டும். அல்லிசின் விரைவில் சிதைந்துவிடுவதால் அந்தச் சாற்றை அன்றே பயன்படுத்துங்கள்.

கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனால் என்ற பொருள் பூஞ்சாணத்தின் செல் சவ்வைச் சிதைக்கிறது. ஆனால் விதையின் கருவும் உயிருள்ள செல்களால் ஆனதே. அளவு மீறினால் அதன் முளைப்புத்திறனும் குறையும். ஆய்வகத்தில் பூஞ்சாணம் வளர்க்கும் தட்டில் அதைத் தடுத்த சாறு, விதையுறைக்கு அடியில் ஏற்கெனவே பதுங்கியிருக்கும் பூஞ்சாணத்தை எட்டாமல் போவதும் உண்டு. தட்டில் கிடைத்த வெற்றியை மட்டும் நம்பி மொத்த விதையையும் நனைத்துவிடாதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

நனைத்த விதையை மெல்லிய பரப்பாக நிழலில் காய வைத்து, பழைய ஈர நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே காற்றுப் புகாத கலத்தில் அடைக்க வேண்டும். இல்லையெனில் பூஞ்சாணத்துக்குத் தேவையான நீரை நாமே ஊற்றிக் கொடுத்தவர்களாவோம். நிலக்கடலை, சோயா போன்ற மெல்லிய தோல் விதைகளை நனைக்கவே வேண்டாம். அவற்றில் உலர்ந்த இலைத்தூளைப் புரட்டுவது பாதுகாப்பானது.

இறுதியாக, சாறு இட்டுக் காய்ந்தவற்றில் 100 விதைகளையும் இடாதவற்றில் 100 விதைகளையும் ஈரத்தாளில் தனித்தனியாகச் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்கின்றன என்று எண்ணுங்கள். சாறு இட்ட பக்கம் குறைந்தால், அடர்த்தியைக் குறைத்து மீண்டும் சோதித்த பிறகே மீதி விதையில் கை வையுங்கள்.