பெரிய எஸ்.யு.வி.யில் இ.எஸ்.சி விளக்கு எரிந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

பின்னாலிருந்து பார்த்த கார், அதன் கீழே நெளிந்த இரண்டு டயர் தடம். டேஷ்போர்டில் இந்தப் படத்தோடு இருக்கும் மஞ்சள் விளக்கு இ.எஸ்.சி என்கிற நிலைப்புக் கட்டுப்பாட்டுக்கு உரியது. வழுக்கும் வளைவில் ஓரிரு நொடி மினுக்கினால் அது வேலை செய்கிறது. மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பழுது. 'ஆஃப்' என்று எழுதிய விளக்கு மட்டும் எரிந்தால், பெரும்பாலும் யாரோ ஸ்விட்சை அழுத்தி நிறுத்தியிருப்பார்கள்.

நீங்கள் எந்தப் பக்கம் போக நினைக்கிறீர்கள் என்பதை ஸ்டீயரிங் கோண சென்சார் சொல்கிறது. வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்பதை நடுப்பகுதியில் இருக்கும் யா சென்சார் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், கணினி ஒரு சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கிறது. பின்புறம் வெளியே வழுக்கினால் வளைவின் வெளிப்பக்க முன்சக்கரம்; முன்புறம் திரும்பாமல் நேராக ஓடினால் உட்பக்கப் பின்சக்கரம். கூடவே இன்ஜின் இழுவையையும் குறைக்கும்.

உயரமான வண்டிக்கு இது உயிர் விஷயம். பக்கவாட்டில் வழுக்கிப் போகிற எஸ்.யு.வி.யின் சக்கரம் சாலையோர மண்ணில் புதைந்தாலோ தடுப்பில் இடித்தாலோ வண்டி கவிழ்ந்துவிடும். தாழ்வான கார் அதே இடத்தில் வழுக்கியதோடு நின்றுவிடக்கூடும். 4,536 கிலோ வரையுள்ள எல்லாப் புதிய வண்டிகளிலும் இ.எஸ்.சி இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 2012 மாடல் முதல் கட்டாயமாக்கியது.

ஆனால் பாகம் எல்லாம் இருந்தும் கணக்கு தப்பலாம். 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் இதழ், டொயோட்டாவின் லெக்ஸஸ் ஜி.எக்ஸ் 460 எஸ்.யு.வி.யைச் சோதித்தது. வளைவில் வேகமாக நுழைந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தபோது, இ.எஸ்.சி பிடிப்பதற்குள் வண்டியின் பின்புறம் ஏறக்குறைய பக்கவாட்டுக்கே வந்துவிட்டது. 'வாங்காதீர்கள்' என்று அது எச்சரித்தது. டொயோட்டா விற்பனையை நிறுத்தி, சுமார் 9,400 வண்டிகளைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றிக் கொடுத்தது. மறுபடி சோதித்த பிறகு, மே மாதத்தில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. அதே ஏப்ரலில் டொயோட்டாவின் இன்னொரு எஸ்.யு.வி.யான சீக்கோயாவில், 2003 மாடல் சுமார் 50,000 வண்டிகளும் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கே சிக்கல் நேர்மாறானது: மணிக்கு 15 கிலோமீட்டர் போன்ற குறைந்த வேகத்தில், தேவையே இல்லாமல் இ.எஸ்.சி குறுக்கிட்டு வண்டியை எடுக்கவிடாமல் பிடித்தது. ஆகவே உங்கள் வண்டிக்கு ஏதாவது திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து முதலில் விசாரியுங்கள். செலவில்லாத சோதனை அது.

அடுத்து பேட்டரி. வலுவிழந்த பேட்டரியோடு ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் விழுந்து, நல்ல சென்சார் மீதே பிழைக் குறியீடு பதிவாகலாம். பேட்டரியைச் சரிசெய்து, குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பிறகு டயர். ஒரு சக்கரத்தில் மட்டும் புது டயர், மற்றவை தேய்ந்தவை என்றால் சுற்றளவு மாறும். சுற்றளவு குறைந்த சக்கரம் அதிக வேகத்தில் சுழலும். அது வழுக்குகிறது என்று கணினி நினைக்கும். நான்கும் ஒரே அளவு, சரியான காற்று, ஏறக்குறைய ஒரே தேய்மானம் இருக்க வேண்டும்.

அடிக்கடி மாட்டுவது சக்கர வேக சென்சார்தான். வண்டி நிற்கப் போகிற நேரத்தில், 10 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்கிறதா? ஏதோ ஒரு சக்கரத்திலிருந்து வரும் சிக்னல் பலவீனமாக இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பழைய வகையில் பல்சக்கரத்தில் விரிசலோ, துருவால் இடைவெளி கூடியதோ காரணமாகும். புதிய வகையில் வீல் பேரிங்கின் சீலிலேயே காந்த வளையம் இருக்கிறது. அந்தக் கறுப்பு வளையத்தில் ஒட்டிய இரும்புத் தூள் சிக்னலைக் கெடுக்கும். பேரிங் மாற்றும்போது வளையம் உள்ள பக்கத்தைத் திருப்பிப் போட்டுவிட்டால் சிக்னலே வராது. வளையம் இருக்கும் பக்கத்தைப் பேரிங்கை அழுத்தி ஏற்றுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதிய வகை சென்சாரில் ஓம் மீட்டரை வைக்கக் கூடாது; சென்சாரே பழுதாகலாம்.

எந்தச் சக்கரம் என்று கண்டுபிடிக்க, வண்டிக் கணினியின் அளவுகளைக் காட்டும் ஸ்கேனரைப் போட்டு, நேர்சாலையில் மெதுவாக 30 கிலோமீட்டரில் ஓட்டுங்கள். நான்கு வேகமும் ஒன்றாக ஓடும். ஒன்று மட்டும் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் அதுதான். அந்த சென்சாரையும், சக்கரம் திரும்பும்போதெல்லாம் மடங்கி மடங்கி உள்ளே அறுந்துபோகும் அதன் வயரையும் பாருங்கள்.

வீல் அலைன்மெண்ட் முடிந்த மறுநாளே விளக்கு எரிகிறது என்று பலர் வருவார்கள். அலைன்மெண்டில் நேர்நிலை மாறியிருக்கும், ஸ்டீயரிங் கோண சென்சாரோ பழைய இடத்தையே பூஜ்யமாக நம்பிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை நேராக வைத்து ஸ்கேனரில் பூஜ்ய நிலையைப் பதிய வேண்டும். சில வண்டிகளில் யா சென்சாருக்கும் சமதளத்தில் நிறுத்திச் செய்ய வேண்டும். ஸ்பிரிங் உயர்த்திய வண்டியில் இந்த வேலையை யாரும் விட்டுவிடக் கூடாது.

விளக்கு எரியும்போது, பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்ஸின் விளக்கும் சேர்ந்து எரிந்தால், மழையில் முன்வண்டியோடு வழக்கமான இடைவெளியைவிட இரண்டு மடங்கு விட்டு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துப் பட்டறைக்குப் போங்கள். வேலை முடிந்ததும் விளக்கு அணைந்ததை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது ஸ்கேனரில் கோணம் ஓரிரு டிகிரிக்குள் இருக்கிறதா, நின்ற வண்டியில் யா அளவு ஏறத்தாழ பூஜ்யமா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள். வணக்கம்.