பட்டியலில் பெயரில்லாத ஆலன் பேஜ்: ஒரு நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். சென்ற உரையில் மினசோட்டா வைகிங்ஸ் அணியின் ஆலன் பேஜைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நேயர் ஒருவர் இப்படி எழுதியிருக்கிறார்: "அமெரிக்கக் கால்பந்தின் தற்காப்பு வரிசையில் ஆடிய தலைசிறந்தவர்களுள் அவர் ஒருவர் என்றீர்கள். அங்குள்ள தொழில்முறைக் கால்பந்து அமைப்பான என்எஃப்எல்லின் அதிகாரப்பூர்வமான சாக் பட்டியலில் தேடினேன். அவர் பெயரே இல்லை. ஒரு சாக் கூட எடுக்காதவரை எப்படிப் பெரிய ஆட்டக்காரர் என்கிறீர்கள்?" இந்தக் கேள்வி இரண்டு நாள்களாக என்னை விடவில்லை. சொன்னதை அப்படியே நம்பாமல், பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டுக் கணக்குக் கேட்கிற நேயர் அமைவது பேசுகிறவனுக்குக் கொடுப்பினைதான்.

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். எதிரணியின் தாக்குதலை நடத்திப் பந்தை எறிகிறவர் குவாட்டர்பேக். அவர் பந்தை எறிவதற்கு முன்பே, ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் வைத்து அவரை வீழ்த்துவதுதான் சாக். இதை ஆட்டக்காரர் வாரியாக எண்ணிப் பதியும் வழக்கத்தை என்எஃப்எல் 1982ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. பேஜ் 1967இல் ஆட வந்தவர். கடைசியாக ஆடியது 1981இல். ஓராண்டு இடைவெளியில் அவருடைய பதினைந்து ஆண்டு உழைப்பும் ஏட்டில் ஏறாமல் போய்விட்டது. பிற்பாடு ஆய்வாளர்கள் பழைய ஆட்டப் பதிவுகளைப் புரட்டி எண்ணியபோது அவர் கணக்கில் 148.5 சாக் தேறியது. அந்த அரை எங்கிருந்து வந்தது என்றால், இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. சாக் என்ற சொல்லையே ஊரறியச் செய்தவர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் ஆடிய டீக்கன் ஜோன்ஸ். அவர் 1974இலேயே ஓய்வு பெற்றுவிட்டதால், அவர் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் பட்டியல் பதிவாகியிருந்தாலும் பேஜின் ஆட்டத்தை அதில் முழுமையாகப் பார்த்திருக்க முடியாது என்பதே என் எண்ணம். தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்பது இந்நேரம் தெரிந்திருக்கும். தற்காப்பு வரிசைக்காரரின் ஆட்டம், அவர் எடுத்து வைக்கும் முதல் அடியிலேயே முடிந்துவிடுகிறது என்று நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், இன்றும் சொல்கிறேன். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருக்கும் அவருக்கு, எதிரணி எந்த நொடியில் பந்தை எடுக்கப் போகிறது என்பது தெரியாது. எதிரில் நிற்பவருக்கோ தெரியும். குவாட்டர்பேக் குரலை ஏற்றி இறக்கி ஏமாற்றப் பார்ப்பார் என்பதால் காதை நம்ப முடியாது, பந்து அசைவதைக் கண்தான் பிடிக்க வேண்டும். பேஜ் அந்த அசைவோடு சேர்ந்தே அசைந்தார். தடுக்க வேண்டியவர் நிமிர்வதற்குள் இவர் அவருடைய தோளைக் கடந்திருப்பார். அதன் விளைவாக அவருக்கு எதிரே இரண்டு பேரை நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டு பேர் இவரிடம் சிக்கிக்கொண்டால் பக்கத்தில் நிற்கும் கார்ல் எல்லருக்கோ ஜிம் மார்ஷலுக்கோ வழி திறந்துவிடும். சாக் அவர்கள் பெயரில் எழுதப்படும். கேரி லார்சனையும் சேர்த்து நால்வராக நின்ற அந்த வரிசை, "குவாட்டர்பேக்கிடம் சந்திப்போம்" என்பதையே தங்கள் வாசகமாக வைத்திருந்தது. யார் முதலில் போய்ச் சேர்ந்தார் என்பதை மட்டும் எண்ணுகிற ஏட்டில், யாரால் வழி பிறந்தது என்பதற்கு இடமில்லை.

1971ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பருவத்தின் 14 ஆட்டங்களில் வைகிங்ஸ் விட்டுக்கொடுத்த புள்ளிகள் மொத்தமே 139, அதாவது ஆட்டத்துக்குப் பத்துக்கும் குறைவு. அவ்வாண்டு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் வழங்கிய மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது பேஜுக்குக் கிடைத்தது. வழக்கமாகப் பந்தை எறிபவருக்கும் ஏந்தி ஓடுபவருக்கும் போகிற அந்த விருதைப் பெற்ற முதல் தற்காப்பு ஆட்டக்காரர் அவர்; அதன்பின் 1986இல் லாரன்ஸ் டெய்லர் பெற்றார், அத்தோடு சரி. என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் நான்கு முறை ஆடியும் நான்கிலும் தோற்றார் என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன்.

நேயர் சாக்கைப் பற்றிக் கேட்டதற்கு மாறாக, இப்படிப்பட்டவரை வைகிங்ஸ் அணி 1978இல் பருவத்தின் நடுவில் ஏன் கைவிட்டது என்று கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். பேஜின் மனைவி டயான் புகைப்பழக்கத்தை விடுவதற்காக ஓட்டப் பயிற்சி தொடங்கினார். கணவரும் கூடவே ஓடினார், ஓட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் சுமார் 245 பவுண்டு இருந்தவர் 220 பவுண்டை ஒட்டி இளைத்துவிட, இந்த உடம்பு நடுவரிசைக்குத் தாங்காது என்று பயிற்சியாளர் பட் கிரான்ட் முடிவு செய்தார். விடுவிக்கப்பட்டவரை சிகாகோ பேர்ஸ் அணி எடுத்துக்கொண்டது. அதற்கு அந்த அணி கட்டிய தொகை 100 டாலர். அங்கே எஞ்சிய பத்து ஆட்டங்களையும், அடுத்த மூன்று பருவங்களின் 48 ஆட்டங்களையும் ஒன்றுகூட விடாமல் ஆடினார். வைகிங்ஸில் ஆடிய 160ஐயும் சேர்த்தால், பருவ ஆட்டங்கள் மட்டும் தொடர்ச்சியாக 218. இடையில் 1979இல் ஒரு முழு மராத்தானை ஓடி முடித்தார். என்எஃப்எல்லில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைச் செய்த முதல் ஆள் அவர்தான். எடை போய்விட்டது, முதல் அடி போகவில்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கைவிடப்பட்ட அதே 1978இல் இன்னொன்றும் நடந்தது. ஆடிக்கொண்டே மினசோட்டா பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவர், அவ்வாண்டு சட்டப் பட்டம் பெற்றார். ஆட்டம் முடிந்த பிறகு வேறு வழியில்லாமல் வழக்கறிஞரானார் என்று சிலர் பேசுவதைக் கேட்கும்போது எனக்குச் சற்றுக் கோபம் வருவது இதனால்தான். பிறகு மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றினார். 1992இல் மாநில உச்ச நீதிமன்றப் பதவிக்குப் போட்டியிட முனைந்தபோது, பதவியிலிருந்த நீதிபதியின் காலத்தை ஆளுநர் நீட்டித்ததால் தேர்தலே இல்லாமல் போகும் நிலை வந்தது. பேஜ் வழக்குத் தொடர்ந்தார். மாற்று நீதிபதிகளைக் கொண்ட அமர்வு விசாரித்து, தேர்தல் நடத்தத்தான் வேண்டும் என்றது. வென்று அமர்ந்த அவரே அந்நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. மாநிலச் சட்டப்படி எழுபது வயதில், 2015இல், ஓய்வு பெற்றார்.

அவர் பிறந்த ஊர் ஒஹையோவின் கேன்டன். அங்கே தொழில்முறைக் கால்பந்தின் புகழ்க்கூடம் எழும்பியபோது, பள்ளி மாணவனாக அதன் கட்டுமான வேலையில் கூலிக்கு உழைத்தவர் பேஜ். 1988இல் அதே கூடம் அவரைச் சேர்த்துக்கொண்டபோது, தம்மை அறிமுகப்படுத்த அவர் பழைய பயிற்சியாளர் எவரையும் அழைக்கவில்லை. மினியாபொலிஸ் பள்ளியொன்றின் தலைமை ஆசிரியை வில்லரீன் பீஸ்லியை அழைத்தார். ஏற்புரையிலும் கல்வியைப் பற்றித்தான் பேசினார்.

கடிதத்தின் கடைசி வரியில், ஓய்வுக்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்றும் நேயர் கேட்டிருக்கிறார். சிறுபான்மை இன மாணவர்களுக்கு உதவ 1988இல் தொடங்கிய கல்வி அறக்கட்டளை ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது வேறு: மினியாபொலிஸில் மராத்தான் நடக்கும் காலையில், ஓடுகிறவர்களுக்காகச் சாலையோரத்தில் நின்று டூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியை ஊதுவது அவர் வழக்கம்.