பன்னிரண்டு முறை படித்தும் தீராத மோதிரம்

நடுவர் அவர்களே, எதிரே உட்கார்ந்து என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, மார்கழிக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நெஞ்சுக்கு நெருக்கமான மாயக்கதையை ஆண்டுதோறும் திரும்பப் படிப்பது வளர்ச்சியா, தேக்கமா?' இதுதான் தலைப்பு. தேக்கம்தான் என்று அடித்துப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். வளர்ச்சியே என்று சொல்ல வந்திருக்கிறேன் நான். ஒரே சினிமாவுக்கு நான்காவது தடவை டிக்கெட் எடுப்பவரை நம் ஊரில் ரசிகர் என்கிறோம். ஒரே புத்தகத்தை இரண்டாவது தடவை கையில் எடுத்தால் மட்டும், "ஏன், முதல் தடவை புரியலையா?" என்று கேட்கிறோம். கல்யாணமான புதிதில் என் கணவரும் கேட்டார். இப்போது கேட்பதில்லை. புத்தகத்தை நகர்த்திவிட்டுக் காபியை வைத்துவிட்டுப் போகப் பழகிவிட்டார்.

பொதுவாகப் பேசினால் நடுவர் தூங்கிவிடுவார் என்பதால் ஒரே ஒரு சாட்சியைக் கூட்டி வந்திருக்கிறேன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'. 1937 டிசம்பரில் தொடங்கி 1949 வரை எழுதிய ஒரே நாவல் அது. போருக்குப் பிந்தைய காகித விலையைப் பார்த்துப் பயந்த பதிப்பகம் அதை மூன்றாகப் பிரித்து 1954-இல் இரண்டு பாகமும் 1955-இல் ஒரு பாகமுமாக வெளியிட்டது. (அதே 1954-இல்தான் இங்கே 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்தது. வாரா வாரம் கிழித்து, சேர்த்து, பைண்டு பண்ணி, பள்ளி விடுமுறைதோறும் திரும்பப் படித்த வீடுகள் இந்த அரங்கத்திலேயே இருக்கும். அவர்களையும் தேக்கம் என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். இரவு பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும்.)

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தீயவன் ஒருவன் தன் வலிமையையெல்லாம் ஒரு மோதிரத்தில் இறக்கி வைத்திருக்கிறான். வைத்திருப்பவரைக் கெடுத்துவிடும் மோதிரம் அது. அதை உருக்கிச் செய்த எரிமலையிலேயே கொண்டுபோய்ப் போட்டால்தான் அழியும். அந்த வேலை, இடுப்பளவு உயரமுள்ள ஹாபிட் இனத்தைச் சேர்ந்த ஃப்ரோடோ தலையில் விழுகிறது. கூடப் போகிறவன் தோட்டக்காரன் சாம். மோதிரத்தை முன்பு பறிகொடுத்த ஒரு ஜீவன் பின்னாலேயே வருகிறது. அதன் பெயர் கோலம். வாசலில் போடுகிற கோலம் இல்லை, அலங்கோலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எதிரணித் தலைவர் முதலில் ஒரு கணக்குப் போட்டார். "ஆயிரம் பக்கம், பன்னிரண்டு தடவை, மொத்தம் 12,000 பக்கம். அதில் 300 பக்க நாவல்கள் நாற்பது படித்திருக்கலாம்." கைதட்டலும் வாங்கினார். ஐயா வங்கியில் வேலை பார்த்தவர், கணக்கு சரிதான். ஆனால் நான் எப்படிப் படிக்கிறேன் என்று அவர் கேட்கவே இல்லை.

இந்தப் புத்தகத்தின் பிற்சேர்க்கையில் நாள் வாரியாக ஒரு பட்டியல் உண்டு. எந்தத் தேதியில் எது நடந்தது என்று அதில் இருக்கும். அந்தத் தேதிகளின்படியே படிக்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர், நானும் அதில் ஒருத்தி. செப்டம்பர் 22, மோதிரத்தைக் கண்டெடுத்து ஃப்ரோடோவுக்கு விட்டுப்போன பெரியவர் பில்போவுக்கும் ஃப்ரோடோவுக்கும் பிறந்தநாள், அன்று முதல் பக்கம். மறுநாள் ஃப்ரோடோவும் சாமும் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். அக்டோபர் 6 இரவு ஃப்ரோடோவுக்குத் தோளில் கத்திக்குத்து. மார்ச் 25-இல் மோதிரம் அழியும். இடையே ஜனவரி 15-இல் மந்திரக் கிழவர் காண்டால்ஃப் பாலத்திலிருந்து பாதாளத்தில் விழுவார். பொங்கல் அதே தேதியில் வருகிற வருஷங்களில் அடுப்பங்கரையில் பால் பொங்கும், இங்கே என் கண் பொங்கும். "நல்ல நாளும் அதுவுமா என்னடி அழுகை?" என்பார் அம்மா. ஆக, ஆறு மாதம், வாரத்துக்கு நாற்பது பக்கம். வாரம் நாற்பது பக்கத்தில் எந்த நாவலையும் நான் இழந்துவிடவில்லை ஐயா. நீங்கள் சொன்ன நாற்பதையும் தனியாகப் படித்திருக்கிறேன்.

அடுத்து, "முடிவு தெரிந்த கதையில் என்ன இருக்கிறது?" என்றார். அங்கேதான் அவருக்கும் எனக்கும் தகராறே. முடிவு தெரியாதபோது நாம் படிப்பதில்லை, ஓடுகிறோம். பதினேழு வயதில், படம் வருவதற்குப் பத்து வருஷம் முன்னால், இரவல் வாங்கிய புத்தகத்தில் நானும் அப்படித்தான் ஓடினேன். ஃப்ரோடோ பிழைப்பானா, மாட்டானா? வேறெதுவும் கண்ணில் படவில்லை.

இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு பேச்சு வருகிறது. பல வருஷங்களுக்கு முன்பு பில்போ நினைத்திருந்தால் கோலத்தைக் கொன்றிருக்கலாம், இரக்கப்பட்டு விட்டுவிட்டார். "அன்றைக்கே கொன்றிருக்கக் கூடாதா?" என்று ஃப்ரோடோ சலித்துக்கொள்கிறான். அந்த இரக்கத்துக்கு ஒரு பலன் இருக்கும், கோலத்துக்கு இன்னும் ஏதோ வேலை பாக்கி இருக்கிறது என்கிற மாதிரி காண்டால்ஃப் பதில் சொல்கிறார். பதினேழு வயதில் எனக்கு அது கிழவர் உபதேசம். தாத்தா பேச ஆரம்பித்தால் நைசாக எழுந்துபோவேனே, அப்படி நாலு பக்கம் தள்ளிவிட்டேன். கடைசியில் எரிமலை வாயில் நடப்பது என்ன? கதாநாயகன் தோற்கிறான்! மோதிரத்தைப் போட மாட்டேன், இது என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். பாய்ந்து வந்து விரலையே கடித்துப் பிடுங்குகிற கோலம், கால் தவறி மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறது. பில்போவின் இரக்கம் இல்லையென்றால் உலகம் பிழைத்திருக்காது. ஆயிரம் பக்கக் கதையின் ஆணிவேர் இரண்டாவது அத்தியாயத்திலேயே கிடக்கிறது. இரண்டாம் தடவை படித்தவருக்குத்தான் அது காலில் தட்டும்.

வாசகியை விடுங்கள், எழுதியவருக்கே இதே கதைதான். இதற்கு முன்னோடியான 'தி ஹாபிட்' 1937-இல் வந்தபோது, விடுகதைப் போட்டியில் நீ ஜெயித்தால் மோதிரத்தைப் பரிசாகத் தருகிறேன் என்று பில்போவிடம் கோலம் தானே ஒத்துக்கொள்ளும். தொலைந்துபோனதால் தர முடியவில்லை என்று வருத்தப்பட்டு வழியும் காட்டிவிடும். அவ்வளவு நல்ல பிள்ளை! பிறகு அந்த மோதிரம்தான் உலகத்தையே கெடுக்கப் போகிறது என்று ஆனதும் டோல்கீன் திரும்பிப் போய்ப் பார்க்கிறார். ஒட்டவில்லை. அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார், 1951-ஆம் ஆண்டுப் பதிப்பில் அது வந்தது. அப்போ பழைய பதிப்பு? அது மோதிரத்தைத் தனதாக்கிக்கொள்ள பில்போ சொன்ன பொய் என்று புதுக் கதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார். தன் தவறையே கதாபாத்திரத்தின் தவறாக மாற்றிய சாமர்த்தியம்! திரும்பிப் பார்ப்பது தேக்கம் என்றால், இந்தப் பெருங்கதையின் அஸ்திவாரமே ஒரு தேக்கத்தில் நிற்கிறது என்று எதிரணி எழுதிக்கொடுக்கட்டும்.

சரி, நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். முதல் மூன்று தடவையும் டாம் பாம்படில் என்கிற ஆசாமி வரும் பகுதியைத் தாண்டிவிட்டேன். மஞ்சள் பூட்ஸ் போட்டுக்கொண்டு எதற்கெடுத்தாலும் பாடுவார். 2001-இல் வந்த படத்திலும் அவர் இல்லை. ஆக, என் ரசனை சரிதான் என்று மார்தட்டிக்கொண்டேன். ஏதோ ஒரு மழைக்காலத்தில், வேறு வேலை இல்லாமல், அதையும் படித்தேன். பாம்படில் நான்கு ஹாபிட்டுகளையும் ஒரு கல்லறைக் குழியிலிருந்து காப்பாற்றி, அங்கே புதையுண்டிருந்த பழங்காலக் கத்திகளை ஆளுக்கொன்று கொடுக்கிறார். வடநாட்டு மன்னன் ஒருவனோடு போரிட்ட காலத்தில் செய்த கத்திகள் அவை. அந்த மன்னன்தான் ஃப்ரோடோவைத் துரத்துகிற ஒன்பது கறுப்புக் குதிரைவீரர்களின் தலைவன். நூற்றுக்கணக்கான பக்கம் தாண்டிப் போர்க்களத்தில், எந்த ஆண்மகனாலும் வீழ்த்த முடியாத அவன் முன்னால் ஒரு பெண், எயோவின், வாளோடு நிற்கிறாள். பின்னால் தவழ்ந்து வரும் மெர்ரி என்கிற ஹாபிட் அவன் முழங்காலில் குத்துகிறான். அதே கத்தி! அவனுக்கென்றே அந்தக் காலத்தில் அடித்த கத்தி. அவன் உடம்பைப் பிணைத்திருந்த மந்திரத்தை வேறெந்த ஆயுதமும் உடைத்திருக்காது என்று டோல்கீன் எழுதியிருப்பதையும் மூன்று தடவை படித்துவிட்டு ஒன்றும் புரியாமல் தாண்டியவள் நான். வேண்டாம் என்று தள்ளிய பக்கத்தில்தான் சாவி இருந்தது.

நடுவர் மணியைத் தொடுகிறார். இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

மலைப்படிக்கட்டில் ஒரு காட்சி. ஃப்ரோடோவும் சாமும் களைத்துப்போய்த் தூங்குகிறார்கள். அவர்களைக் காட்டிக்கொடுக்கத் திட்டம் போட்டுவிட்டுத் திரும்பி வரும் கோலம், அந்த முகங்களைப் பார்த்து ஒரு கணம் இளகுகிறது. நடுங்கும் கையால் ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறது. சாம் விழித்துக்கொள்கிறான், திருட்டுப்பயலே என்கிற தோரணையில் சீறுகிறான். அந்தக் கணம் போய்விட்டது, இனித் திரும்பி வராது. சாமின் ஒரு கடுஞ்சொல்லால் கோலம் திருந்தும் வாய்ப்பு மயிரிழையில் தவறியதாக டோல்கீனே மகனுக்கு எழுதிய கடிதத்தில் வருத்தப்படுகிறார். பதினேழு வயதில் நான் சாம் கட்சி. சரியாகக் கேட்டான் என்று நினைத்தேன். இருபது வருஷம் கழித்து, என் மகன் ஏதோ சொல்லத் தயங்கித் தயங்கி வந்து நின்றபோது, அலுவலகக் களைப்பில், "இப்போ என்னடா வேணும்?" என்று கத்திவிட்டேன். ஒன்றுமில்லை என்று போய்விட்டான். அந்த வருஷம் படிக்கட்டுக் காட்சியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

இந்த வருஷம் எனக்கு ஐம்பது. ஃப்ரோடோ வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவனுக்கும் ஐம்பது! படத்தில் பதினெட்டு வயதுப் பையன் நடித்ததால் யாரும் நம்புவதில்லை. ஹாபிட்டுகள் 33 வயதில்தான் பெரியவர்கள் ஆவார்கள், அதனால் அவர்கள் ஐம்பது நம் ஐம்பது ஆகாது என்று எதிரணி மறுக்கலாம். ஃப்ரோடோ முகத்திலும் வயது தெரியாது, அது மோதிரத்தின் வேலை. நமக்கு அந்த வசதி இல்லை. இருக்கட்டும். பதினேழில் எனக்கு அண்ணனாக இருந்தவன், இன்று என் வகுப்புத் தோழன். பென்ஷன் கணக்குப் பார்க்கிற வயதில் மூட்டை கட்டிக் கிளம்புகிறான் என்று தெரிந்து படித்தால், அந்த முதல் நாள் நடையிலேயே கால் வலிக்கிறது.

கடைசியாக எதிரணித் தலைவர் ஓடி ஒளிவது என்று ஒரு வார்த்தை போட்டார். ஆமாம், ஒரு வருஷம் நானும் ஒளிந்தேன். அப்பா போன வருஷம். பிறந்தநாள் விருந்து, காளான், நடைப்பயணம் என்று முதல் சில அத்தியாயங்களை மட்டும் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, ஆபத்து வரும் முன்பே மூடி வைத்தேன். வெட்கமில்லை, காய்ச்சலுக்குக் கஞ்சி குடிப்பது போலத்தான். ஆனால் இந்தப் புத்தகம் ரொம்ப நாள் ஒளிய விடாது. எழுதியவர் முதல் உலகப்போரில், 1916-இல், பிரான்ஸின் சோம் போர்க்களத்தில் நின்றவர். 1918-க்குள் நெருங்கிய நண்பர்களில் ஒருவர் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார்.

மோதிரம் அழிந்த பிறகும் பக்கம் பக்கமாகக் கதை போகிறது. "ஜெயித்தாச்சே, இன்னும் என்ன?" என்று பதினேழில் சலித்துக்கொண்டு புரட்டினேன். ஊர் திரும்பும் வழியில் ஒரு நாள் ஃப்ரோடோ முகம் வாடுகிறான். வலிக்கிறதா என்று காண்டால்ஃப் கேட்க, தோள் வலிக்கிறது, இன்றோடு ஒரு வருஷம் என்கிறான். அன்று அக்டோபர் 6. ஊருக்கு வந்த பிறகும் அக்டோபர் 6 வந்தால் படுத்துவிடுகிறான், பயணத்தில் ஒரு ராட்சதச் சிலந்தி கொட்டிய மார்ச் 13 வந்தால் படுத்துவிடுகிறான். யாரிடமும் சொல்வதில்லை. அப்பாவுக்கு எங்கள் வீட்டில் திதி ஒரு நாள் வரும், தேதி ஒரு நாள் வரும். திதிக்குச் சமையல் உண்டு, சொந்தக்காரர்கள் உண்டு. தேதிக்கு ஒன்றும் இல்லை. அன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு உடம்பு சரியிருக்காது. வெயில் என்று சொல்லிக்கொள்வேன். அது வெயில் இல்லை என்று எனக்குச் சொன்னது, நான் முதலில் வேகமாகப் புரட்டித் தள்ளிய அந்தப் பக்கங்கள்தான்.

மணி அடித்துவிட்டீர்கள், சரி. இன்றைக்கு டிசம்பர் 20. என் கதைமாந்தர்கள் ரிவென்டெல் பள்ளத்தாக்கில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 25-ஆம் தேதி இருட்டும் நேரத்தில் கிளம்புகிறார்கள், நானும் கூடப் போக வேண்டும். தீர்ப்பை அதற்குள் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.